டாக்ஸ் போடாத தட்டு

பெங்களூரு எலெக்ட்ரானிக் சிட்டி பயோடெக் பார்க் பக்கம் நல்ல வெக்டர் எது என்று பேச்சு வந்தால், வெஸ்டர்னில் தடித்த பட்டை தருவதைத்தான் பலரும் சொல்வார்கள். எனக்குப் பிடித்தது, சொல்லும்வரை வாய் திறக்காத வெக்டர்.

செல் பெருக்கத்தை நிறுத்தும் பி21 போன்ற ஜீனை, எப்போதும் இயங்கும் சிஎம்வி புரொமோட்டரின் கீழ் வைத்து நிலையான குளோன் எடுக்கப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். ஜீன் வேலை செய்த செல் பெருகாது. காலனியாகப் பெருகி நிற்பது ஜீனை அமுக்கிவிட்ட செல். அதனால்தான் கோசனும் புஜார்டும் 1992-இல் தந்த டெட் அமைப்பின் மேல் எனக்குத் தீராத காதல். பாக்டீரியாவின் அடக்கிப் புரதத்தோடு ஹெர்பிஸ் வைரஸின் விபி16-ஐ ஒட்டிய துணிச்சலைச் சொல்வதா, குறுக்கி வெட்டிய சிஎம்விக்கு முன்னால் வரிசையாக வைத்த ஏழு ஆபரேட்டர்களைச் சொல்வதா! டெட்ராசைக்ளின் வகை மருந்து பட்டால் விலகிக்கொண்ட அந்தப் புரதம், 1995-இல் நாலே அமினோ அமிலம் மாறியதும் மருந்து பட்டால்தான் ஒட்டியது. அதிலும் கசிவு இருந்தது. 2000-இல் வந்த எம்2 வடிவம் அதைப் பெருமளவு அடக்கியது.

வெப்பத்தால் மாறும் பி53-ஐக் கொண்டாடுபவர்கள் உண்டு. அழகான உத்திதான். ஆனால் அது வேலை செய்யும் 32 டிகிரியில் செல்லே மந்தமாகிவிடுமே, நின்றது ஜீனாலா, குளிராலா? தற்காலிக டிரான்ஸ்ஃபெக்‌ஷனையும் நான் இகழ மாட்டேன். பின்னாளில் ஐஐஎஸ்சியில் ஆய்வகம் நடத்திய குமரவேல் சோமசுந்தரம் முதல் ஆசிரியராக எழுதி 1997-இல் நேச்சரில் வந்த கட்டுரையைப் பாருங்கள். பிஆர்சிஏ1 செல்லை எஸ் கட்டத்துக்குள் விடாமல் நிறுத்தியது. பி21 இல்லாத செல்லில் அந்தத் தடை எடுபடவில்லை. அப்படி ஒரு ஒப்பீடு இருந்தால் எந்த முறையும் மதிப்புப் பெறும். ஆனால் நின்ற செல்லை நாள்கணக்கில் பின்தொடர டெட்தான் வேண்டும்.

அந்த மருந்தாக டாக்ஸிசைக்ளினை, அதாவது டாக்ஸை, விட்ட சில நாளில் செல்கள் தோசையாய்ப் பரந்துகிடக்கும். பிஹெச் 6-இல் செல்லின் மூப்பைக் காட்டும் சாயமிட்டால் நீலம் ஏறும். எல்லோரும் அதைத்தான் படம் எடுப்பார்கள். என் கண் டாக்ஸ் போடாத பக்கத்துத் தட்டுக்குப் போகும். அங்கே செல்கள் நெருக்கியடித்து வளர்ந்திருந்தால் வடிவமைத்தவர் கைகாரர்.

இப்போது பிளாஸ்மிட் ஆர்டர் போட்டால் வந்துவிடுகிறது, வரைபடத்தை யாரும் பிரித்துப் படிப்பதில்லை. மாட்டுக்குக் கொடுத்த டெட்ராசைக்ளின், செல் வளர்க்கும் சீரத்தில் மிச்சமிருந்து ஜீனைத் தூண்டலாம் என்ற நினைப்பே இல்லை. டாக்ஸே மைட்டோகாண்ட்ரியாவின் புரத உற்பத்தியைத் தடுத்து வளர்ச்சியைக் குறைக்கும். அதைச் சோதிக்காமலே ‘ஜீன் வளர்ச்சியை நிறுத்தியது’ என்று ஸ்லைடு போடுகிறார்கள்.

நீங்கள் முடிவு காட்டும்போது இரண்டு தட்டுகளை முதலில் காட்டுங்கள்: டாக்ஸ் இல்லாத ஜீன், டாக்ஸ் போட்ட வெறும் வெக்டர்.