மலிவு விற்பனையும் திரைப்படத் தொகுப்பும்

நூல்களைத் தேடித் தொகுப்போரை அறிஞர் என்று போற்றும் நம் சமுதாயம், திரைப்படங்களைத் தேடித் தொகுப்போரைப் பொழுதுபோக்கர் என்று எளிதில் ஒதுக்கிவிடுகின்றது. இவ்வேறுபாடு பொருந்துமா என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். அமெரிக்காவின் கிரைட்டீரியன் நிறுவனம் வெளியிடும் பட வட்டுகளையும், மலிவு விற்பனைக் காலங்களில் அவற்றை வாங்கிச் சேர்க்கும் வழக்கத்தையும் இதற்குச் சான்றாகக் கொள்வோம்.

1984இல் தோன்றிய இந்நிறுவனம், முதலில் லேசர் வட்டுகளாகவும், 1998 முதல் டிவிடிகளாகவும், 2008 முதல் புளூ-ரே வட்டுகளாகவும் உலகின் செவ்வியல் படங்களையும் கலைப்படங்களையும் வெளியிட்டு வருகின்றது. உறையின் முதுகில் வரிசையெண் பொறிப்பது அதன் மரபு. முதல் எண் ழான் ரெனுவாரின் 'கிராண்ட் இலூஷன்' (1937) படத்திற்கும், இரண்டாம் எண் குரோசாவாவின் 'ஏழு சாமுராய்கள்' (1954) படத்திற்கும் உரியவை. 2019இல் வரிசை ஆயிரத்தை எட்டியது. விலை சற்று மிகுதியாகலின், வாங்குவோர் பலர் பார்ன்ஸ் அண்ட் நோபிள் புத்தகக் கடை வழக்கமாக ஜூலையிலும் நவம்பரிலும் நடத்திவரும் பாதிவிலை விற்பனைக்குக் காத்திருப்பர். இருபத்துநான்கு மணி நேரமே நீடிக்கும் பாதிவிலை விற்பனையை நிறுவனமும் அவ்வப்போது நடத்துவதுண்டு.

இவ்வாறு வாங்கப்படுவது யாது? வெறும் நெகிழி வட்டன்று, ஒரு பதிப்பு. சத்தியஜித் ராயின் அபு முப்படங்களைச் சான்றாகக் காண்போம். 'பதேர் பாஞ்சாலி' (1955), 'அபராஜிதோ' (1956), 'அபுர் சன்சார்' (1959) ஆகியவற்றின் மூலப் படச்சுருள்கள், 1993இல் இலண்டன் ஆய்வுக்கூடம் ஒன்றில் மூண்ட தீயில் கருகின. எஞ்சியவற்றை ஆஸ்கார் விருது வழங்கும் அகாதமியின் காப்பகம் எறிந்துவிடாமல் காத்து வைத்தது. பல்லாண்டுகள் கழித்து, இத்தாலியின் பொலோனியா நகர வல்லுநர்கள் அச்சுருள்களுக்கு ஈரப்பதமூட்டி, கிழிசல்களைக் கையால் ஒட்டிச் செப்பனிட்டனர். முதற்படத்தில் 40 விழுக்காடும் இரண்டாம் படத்தில் 60 விழுக்காட்டுக்கு மேலும் மூலச்சுருளிலிருந்தே மீட்கப்பட்டன. மூன்றாம் படத்தின் மூலச்சுருள் பயன்படாத அளவிற்குச் சிதைந்திருந்தமையால், வேறு படிகளைத் துணைகொண்டனர். 2015இல் மூன்றும் வட்டுகளாக வெளிவந்தன.

இப்பணிக்கும் உ. வே. சாமிநாதையர் ஏடு தேடிப் பதிப்பித்த பணிக்கும் அடிப்படையில் வேறுபாடு இல்லை. சிதைந்த மூலத்தைத் தேடுதல், படிகளை ஒப்பிடுதல், விடுபட்டதை நிரப்புதல், விளக்கம் சேர்த்தல் ஆகிய நான்கும் இரண்டிற்கும் பொது. சென்னை ஜெமினி நிலையத்தில் உருவான உதயசங்கரின் 'கல்பனா' (1948) இத்தகைய மீட்பின் பயனாகவே 2022இல் இந்நிறுவனத்தின் தொகுதி ஒன்றில் இடம்பெற்றது. அதைக் காண்கின்ற மாணவன் நாட்டிய வரலாற்றின் ஓர் ஏட்டையே புரட்டுகின்றான் எனலாம்.

இணையவழியே எல்லாம் கிட்டும்போது வட்டு எதற்கு என வினவலாம். செவ்வியல் படங்களைத் திரட்டித் தந்த ஃபிலிம்ஸ்டிரக் என்னும் இணையச் சேவை 2018 நவம்பரில் மூடப்பட்டது. சந்தா செலுத்தியோருக்கு மறுநாள் ஒரு படமும் அதில் மிஞ்சவில்லை. ஆசிரியர் ஒருவர் அடுத்த ஆண்டும் அதே காட்சியை மாணவர்க்குக் காட்டி விளக்க விரும்பினால், வட்டு கையில் இருத்தல் நலம். வட்டு விற்கும் இடங்களும் சுருங்கி வருகின்றன. நெட்ஃபிளிக்ஸ் தன் அஞ்சல்வழி வட்டு வாடகையை 2023இல் நிறுத்தியது. பெஸ்ட் பை கடைகள் 2024இல் வட்டு விற்பனையைக் கைவிட்டன.

ஆயினும் இவ்வழக்கத்தில் இரு குறைகள் உள. முதலாவது, பாதிவிலை என்னும் சொல்லே படத்தைத் தெரிவு செய்யத் தொடங்கிவிடுவது. எண்வரிசையில் இடைவெளி இருத்தலாகாது என்பதற்காகவே வாங்குவோர் உளர். உறை பிரிக்கப்படாத வட்டுகள் அலமாரியில் ஆண்டுக்கணக்கில் உறங்குகின்றன. படிக்கப்படாத நூல்கள் நிறைந்த நூலகத்தைப் பாராட்டாத நாம் இதனையும் பாராட்டுதற்கில்லை.

இரண்டாவது, பதிப்பாளரின் பட்டியலையே உலகத் திரையின் இலக்கணமாகக் கொள்வது. கறுப்பின அமெரிக்க இயக்குநர்களுக்கு இவ்வரிசையில் மிகக் குறைந்த இடமே தரப்பட்டிருந்ததை 2020இல் நியூயார்க் டைம்ஸ் எடுத்துக்காட்டியது. தமிழர் நாமும் ஒன்றை எண்ணிப் பார்த்தல் வேண்டும். உரையாடலின் பெரும்பகுதி தமிழிலேயே அமைந்த 'தீபன்' (2015) இவ்வரிசையில் உண்டு. நாயகனாக நடித்தவர் ஈழத்து எழுத்தாளர் ஷோபாசக்தி. ஆனால் படத்தை இயக்கியவர் பிரெஞ்சுக்காரரான ழாக் ஓதியார். நம் மொழி அவ்வரங்கிற்குப் பிறர் கைப்பிடித்துச் சென்றிருக்கின்றது. நம் பழம்படங்களைப் பேணிப் பதிப்பிக்கும் கடமையை அயலார் நமக்காகச் செய்வர் என்று காத்திருத்தல் தகாது. தமிழின் முதற் பேசும்படமான 'காளிதாஸ்' (1931) இன்று காணக் கிட்டாமற் போனதை நாம் மறத்தலாகாது.

எனவே, வாங்க விழைவோர் விற்பனை தொடங்குமுன் தம் பட்டியலைத் தாமே எழுதிக்கொள்க. புளூ-ரே வட்டுகளில் மலேசியாவும் சிங்கப்பூரும் அமெரிக்காவோடு ஒரே 'ஏ' மண்டலத்தில் அடங்கும். டிவிடியிலோ அமெரிக்கா முதல் மண்டலம், நாம் மூன்றாம் மண்டலம். இதனை நோக்காது வாங்கின் வட்டு ஓடாது போகலாம். அஞ்சற் செலவு கழிவை விழுங்கவும் கூடும். ஒரு விற்பனைக்கு இரண்டு மூன்று படங்கள் போதும். அவற்றை இருமுறை பார்த்து, உடன்வரும் கட்டுரையைப் படித்து, ஒரு பக்கமேனும் தமிழில் எழுதி மாணவரிடம் தருதல் வேண்டும். அவ்வாறு செய்யும் ஆசிரியரின் சிறு தொகுப்பு, ஆயிரம் எண்களும் நிறைந்த அலமாரியினும் பயன் மிக்கதாகும்.