பொதுசன உறவுக் கல்வியின் முதற்பாடம்: ஒரு விமர்சன நோக்கு

பொதுசன உறவு என்பது இன்று பல நாடுகளிற் பல்கலைக்கழகப் பாடநெறியாக நிலைபெற்றுள்ளது. அதன் அறிமுக வகுப்பில் மாணவர் எதனைக் கற்கின்றனர் என்னும் வினா அத்துறை சார்ந்தோர்க்கு மாத்திரம் உரியதன்று. நாளேட்டிற் செய்தியாகவும், அரசாங்கத்தின் அறிக்கையாகவும், கம்பனியொன்றின் விளக்கமாகவும் நம்மை வந்தடையும் எழுத்தில் ஒரு பகுதி அவ்வகுப்பிற் பயின்றோரால் ஆக்கப்படுவதாகும். எழுத்துக்கும் சமூகத்துக்குமுள்ள தொடர்பை ஆராயும் நாம் அதனை ஒதுக்கிவிடுதல் பொருந்தாது.

இக்கல்வியின் தோற்றத்தை முதலில் வரலாற்று நிலைநின்று நோக்குதல் வேண்டும். 1923ஆம் ஆண்டில் எட்வேட் பேர்னேய்ஸ் நியூ யோர்க் பல்கலைக்கழகத்தில் இப்பொருள்பற்றி வகுப்பு நடத்தினார். பொதுசன அபிப்பிராயத்தை உருத்திரளச் செய்தல் பற்றிய அவரது நூலும் அவ்வாண்டிலேயே வெளிவந்தது. முதலாம் உலகப் போரின்போது அமெரிக்க அரசாங்கம் 1917இல் நிறுவிய பொதுத் தகவற் குழுவிற் பணியாற்றியவர் அவர். போர்க்காலப் பிரசாரத்தில் பெற்ற அனுபவம், சமாதான காலத்திற் பெருமுதலாளித்துவ நிறுவனங்களின் தேவையோடு இணைந்தவிடத்தே இத்துறை வகுப்பறைக்குள் நுழைந்தது எனலாம்.

பாடநூல்கள் இவ்வரலாற்றைச் சொல்லும் முறை வேறு. 1984இல் ஜேம்ஸ் குறூணிக், ரொட் ஹன்ற் ஆகியோர் வகுத்த நால்வகை மாதிரிகள் அறிமுக வகுப்புகளில் இன்றும் பரவலாகக் கற்பிக்கப்படுகின்றன. ஆரவார விளம்பரம், பொதுத் தகவல் வழங்கல், சமச்சீரற்ற இருவழித் தொடர்பு, சமச்சீரான இருவழித் தொடர்பு என்பன அவை. இரண்டாவதற்கு ஐவி லீயும் மூன்றாவதற்கு பேர்னேய்ஸும் எடுத்துக்காட்டாவர். வகைப்பாடு என்ற அளவில் இது பயனுடையதே. ஆயின், வகுப்பறையில் இஃது ஒரு படிமுறை வளர்ச்சியாக மாறிவிடுகின்றது. பொய்யிலிருந்து தகவலுக்கும், தகவலிலிருந்து உரையாடலுக்கும் தொழில் உயர்ந்து வந்தது என மாணவர் எண்ணத் தலைப்படுகின்றனர்.

நிகழ்ச்சிகள் இம்முடிவுக்கு இடந்தருவனவாக இல்லை. திருத்தமான தகவலைப் பகிரங்கமாக வழங்குவதே தமது பணியென ஐவி லீ 1906இற் பிரகடனஞ் செய்தார். 1914 ஏப்ரல் 20ஆம் திகதி, கொலராடோ மாநிலத்து லட்லோவில், வேலைநிறுத்தஞ் செய்த நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரின் கூடாரக் குடியிருப்பு தாக்கி எரிக்கப்பட்டது. ஒரு கூடாரத்தின் கீழிருந்த குழியில் இரு பெண்களும் பதினொரு குழந்தைகளும் மாண்டனர். சுரங்கக் கம்பனி ரொக்கபெல்லர் குடும்பத்தின் கட்டுப்பாட்டில் இருந்தது. அக்குடும்பத்தின் பொருட்டு லீ வெளியிட்ட பிரசுரங்களில், தொழிற்சங்கத் தலைவர் பெற்ற ஊதியம் பன்மடங்கு பெருக்கிக் காட்டப்பட்டிருந்தது. 1915இல் கைத்தொழில் உறவுகள் ஆணைக்குழு வினவியபொழுது, கம்பனித் தரப்பினர் தந்தவற்றையே தாம் சரிபாராது வெளியிட்டமை லீயின் சாட்சியத்திற் புலனாயிற்று. பிரகடனத்திலிருந்த ‘திருத்தம்’ கூலி கொடுத்தவனின் வாயிலோடு நின்றுவிட்டது.

பேர்னேய்ஸின் தொழிற்பாடுகளும் இத்தகையனவே. 1929ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறன்று நியூ யோர்க் வீதியிற் பெண்கள் சிகரெட் புகைத்துச் சென்றமை பெண் விடுதலையின் அடையாளமாகச் செய்தியாயிற்று. அதனை ஒழுங்குசெய்தவர் பேர்னேய்ஸ் என்பதும், அவருக்குப் பணம் கொடுத்தது அமெரிக்கப் புகையிலைக் கம்பனி என்பதும் வாசகர்க்குச் சொல்லப்படவில்லை. குவாத்தமாலாவில் 1952ஆம் ஆண்டு நிலச் சீர்திருத்தம் யுனைற்றட் புறூட் கம்பனியின் தரிசு நிலங்களைத் தொட்டது. அக்கம்பனியின் ஆலோசகராகிய பேர்னேய்ஸ் அமெரிக்கப் பத்திரிகையாளரை அங்கு அழைத்துச்செல்ல ஏற்பாடு செய்தார். கம்யூனிச அபாயம் பற்றிய செய்திகள் பெருகின. 1954இல் அமெரிக்க மத்திய புலனாய்வு நிறுவனம் ஒழுங்குசெய்த சதியால் ஆர்பென்ஸ் அரசாங்கம் வீழ்ந்தது. அவ்வீழ்ச்சிக்கு எழுத்து மாத்திரமே காரணம் எனக் கொள்ளுதல் மிகைக்கூற்றாகும். எனினும், அச்சதியை அமெரிக்க மக்கள் ஏற்பதற்கான மனநிலையை உருவாக்கியதில் எழுத்துக்குப் பங்குண்டு என்பது மனங்கொள்ளத்தக்கது.

இனிச் சமச்சீர்த் தொடர்பு பற்றிய கருத்தை நோக்குவோம். நிறுவனமும் மக்களும் ஒருவரையொருவர் கேட்டு மாறவேண்டும் என்பது உயர்ந்த இலட்சியமே. ஆனால் லட்லோவின் கூடாரவாசியும் ரொக்கபெல்லரும் எந்த மேசையில் சமமாக அமர்ந்திருக்க முடியும்? உற்பத்திச் சாதனமும் செய்திச் சாதனத்தை அணுகும் வசதியும் ஒரு தரப்பிடம் இருக்கையில், உரையாடலின் சமச்சீர் என்பது அதிகாரத்தின் சமச்சீரின்மையை மறைக்கும் திரையாகவே அமையும். இலட்சியத்தை வரலாறாகக் கற்பித்தல் இங்குள்ள அடிப்படைத் தவறாகும்.

இதனால் இப்பாடத்தையே நிராகரித்தல் வேண்டும் என்பது நமது முடிவன்று. லட்லோப் படுகொலையின் பின்னர், நியூ யோர்க்கில் ரொக்கபெல்லரின் அலுவலகக் கட்டடத்தின் முன் எழுத்தாளர் அப்ரன் சின்கிளேயர் துக்க அடையாளத்துடன் மறியல் நடத்திக் கைதானார். அதுவும் பொதுசன அபிப்பிராயத்தை நாடிய செயலே. தொழிற்சங்கத்துக்கும் கிராமச் சங்கத்துக்கும் இக்கலை வேண்டியதே. வேறுபாடு, பேசுபவன் தன் முகத்தை மறைக்கிறானா காட்டுகிறானா என்பதிற் பெரிதும் தங்கியுள்ளது.

ஆகவே முதலாண்டு மாணவன் ஆசிரியர் ஒருவர் மாத்திரம் படித்துப் புள்ளியிடும் மாதிரி அறிக்கையோடு நின்றுவிடக் கூடாது. அவன் தன் பெயரிட்டு, பிறர் படித்து மறுத்துரைக்கக்கூடிய இடத்தில் எழுதவேண்டும். லட்லோவைப் பற்றிக் கம்பனிக்காக ஓர் அறிக்கையும், இறந்தோரின் உறவினர்க்காக ஓர் அறிக்கையும் அவனே எழுதட்டும். ஒவ்வொரு கூற்றின் கீழும் அதனைத் தந்தவர் யார், எழுதுவித்தவர் யார் என்பதைக் குறிக்கட்டும். முதலாவது எளிதாகவும் இரண்டாவது கடினமாகவும் இருப்பதை அவன் விரைவில் உணர்வான். கம்பனிக்குப் பதிவேடும் எழுதுவோரும் உண்டு; சுரங்கத் தொழிலாளியின் மனைவிக்கு அவை இல்லை. அவளைத் தேடிச்சென்று கேட்டாலன்றி அவ்வறிக்கை எழுதப்படமாட்டாது.

இத்தகைய பயிற்சி பெற்றவனும் நாளை கூலிக்கே எழுதவேண்டியிருக்கும் என்பர் சிலர். உண்மையே. வகுப்பறை உற்பத்தி உறவுகளை மாற்றிவிடாது. ஆயினும், தான் யாருக்காக எழுதுகிறான் என்பதை அறிந்தெழுதுபவனும் அறியாதெழுதுபவனும் ஒருவரல்லர். அவ்வறிவைத் தருவதே இக்கல்வியின் முதற்பாடமாதல் வேண்டும். அது தரப்படாதவிடத்துப் பொதுசன உறவு வகுப்பில், உறவு மாத்திரமே எஞ்சும், பொதுசனம் இரார்.