ஆவணம் பார்க்கும் உரிமம் அடுப்பைப் பார்க்குமா?

ஒரு நகராட்சித் தெருவில், பன்னிரண்டு பேர் உட்கார்ந்து சாப்பிடும் அளவுக்கு ஓர் இட்லிக் கடை போட வேண்டும். கடை போடுகிறவர் கிரைண்டர், மாஸ்டர், அட்வான்ஸ் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருப்பார். அரசின் கணக்கு வேறு வரிசையில் ஓடும். உள்ளாட்சியின் தொழில் உரிமம், உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவு, வணிகக் கட்டணத்தில் மின் இணைப்பு, வீட்டு சிலிண்டருக்குப் பதில் 19 கிலோ வணிக சிலிண்டர் ஆகியவை முதல் நாளே வேண்டும். அரையாண்டுக்கு ஒருமுறை தொழில் வரி வரும். விற்பனை ஒரு வரம்பைத் தாண்டினால் ஜிஎஸ்டி. இட்லிப் பொடியைப் பாக்கெட் போட்டு விற்றால் எடையளவுச் சட்டத்தின்கீழ் பொட்டலமிடுபவராகப் பதிவு. வேலையாட்கள் பெருகினால் தொழிலாளர் சட்டங்களின்கீழ் இன்னொரு பதிவு.

இந்தப் பட்டியலைப் பற்றிப் பேச்செடுத்தால் இரண்டு குரல்கள்தான் கேட்கும். "சின்னக் கடைக்கு இத்தனை உரிமம் எதற்கு?" என்பார்கள் வணிகர்கள். "எல்லாம் ஆன்லைனில் வந்துவிட்டதே!" என்பார்கள் அதிகாரிகள். அவர்கள் எண்ணிக்கையை அளக்கிறார்கள், இவர்கள் வேகத்தை அளக்கிறார்கள். உரிமம் தருகிற அலுவலகம் எதைப் பார்த்துத் தருகிறது என்ற கேள்வி இருவர் பேச்சிலும் விடுபட்டுப்போகிறது. நம் உரிம நடைமுறையின் நிறையும் குறையும் அந்தக் கேள்விக்குள்தான் இருக்கின்றன என்பது என் கட்சி.

உரிமத்தின் நியாயம்

உணவுக் கடைக்கு உரிமமே வேண்டாம் என்று வாதிடுபவர்கள் 2023 செப்டம்பரில் நாமக்கல்லில் நடந்ததை நினைத்துப் பார்க்க வேண்டும். உணவகத்தில் வாங்கிய ஷவர்மாவைச் சாப்பிட்ட 14 வயதுச் சிறுமி இறந்துபோனாள். இன்னும் பலர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். 2022 மே மாதம் கேரளத்தின் காசர்கோடு மாவட்டத்திலும் இதே உணவைச் சாப்பிட்ட ஒரு மாணவி உயிரிழந்தாள். கறி எவ்வளவு வெந்தது, எத்தனை மணி நேரம் வெளியே கிடந்தது என்பதெல்லாம் சாப்பிடுகிறவருக்குத் தெரிய வழியில்லை. அவர் சார்பில் சமையற்கட்டுக்குள் போய்ப் பார்க்க ஒருவர் வேண்டும். அப்படிப் போகிறவருக்குச் சட்டத்தின் துணை வேண்டும். உரிமத்தின் அடிப்படை நியாயம் இதுதான்.

2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரங்கள் சட்டம் இந்த நியாயத்தைச் சரியாகவே பிடித்திருக்கிறது. அதன்கீழ் 2011-இல் வந்த உரிம விதிகளின் நான்காம் அட்டவணை, தண்ணீர், கழிவு, பூச்சித் தடுப்பு, சமைப்பவரின் உடல்நலம் என ஒரு சமையற்கட்டில் கவனிக்க வேண்டியவற்றை வரிசையாகச் சொல்கிறது. பொரித்த எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சும் பழக்கத்துக்கும் 2018 ஜூலை முதல் அளவுகோல் வந்தது: எண்ணெயில் உருவாகும் துருவச் சேர்மங்கள் 25 விழுக்காட்டைத் தாண்டினால் அந்த எண்ணெய் சமையலுக்கு ஆகாது. எழுத்தில் இருக்கும் சட்டத்தைக் குறை சொல்ல முடியாது.

உரிமத்தால் கடைக்காரருக்கும் ஆதாயம் உண்டு. உணவுப் பாதுகாப்புத் துறையின் 14 இலக்க எண் இல்லாமல் ஸ்விக்கியிலோ சொமாட்டோவிலோ கடையைச் சேர்க்க முடியாது; வங்கிக் கடனுக்கும் அது துணை நிற்கும். பொதுச் சுகாதாரம் கருதிய விதிவிலக்கு தவிர, தவறு கண்ட அதிகாரி எடுத்த எடுப்பிலேயே உரிமத்தை நிறுத்திவைக்கவும் முடியாது. குறைகளைச் சுட்டி மேம்பாட்டு அறிவிப்பு தர வேண்டும், அதில் 14 நாளுக்குக் குறையாத அவகாசம் இருக்க வேண்டும் என்கிறது சட்டத்தின் 32-ஆம் பிரிவு. உரிமம் உள்ள கடைக்குத்தான் இந்தப் பாதுகாப்பின் முழுப் பலன் கிடைக்கும்.

இந்தத் தர்க்கத்தை இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோனது 2014-ஆம் ஆண்டின் சாலையோர வியாபாரிகள் சட்டம். கணக்கெடுத்துச் சான்று கொடுத்து முடிக்கும்வரை எந்த வியாபாரியையும் அப்புறப்படுத்தக் கூடாது என்றது. நகர விற்பனைக் குழுவில் 40 விழுக்காட்டுக்குக் குறையாமல் வியாபாரிகளே தேர்ந்தெடுத்த பிரதிநிதிகள் இருக்க வேண்டும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்களாக இருக்க வேண்டும் என்றது. உரிமம் என்றாலே தடுக்கும் கருவி என்றிருந்த நிலையில், தள்ளுவண்டிக்காரரைக் காக்கும் கருவியாகவும் அது இருக்கலாம் என்று காட்டிய சட்டம் அது. நடைமுறையில் அடையாள அட்டை கைக்கு வந்தாலும், வண்டியை நிறுத்த வரையறுத்த இடம் வராத நகரங்கள் உண்டு. ஆனாலும் சட்டத்தின் திசை சரியானது.

நூறு ரூபாய்க்குப் பின்னால்

அப்படியென்றால் கோளாறு எங்கே? கட்டணத்தில் இல்லை. சிறு உணவுக் கடையின் பதிவுக்கு 2011 விதிகள் வைத்த கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாய். குறு, சிறு தொழில்களுக்காக 2020 ஜூலையில் வந்த உத்யம் பதிவுக்கு ஒரு பைசாவும் கிடையாது. ஆதார் எண்ணும் பான் எண்ணும் சுய அறிவிப்பும் போதும். அந்த இலவசப் பதிவுக்கும் அரசுத் தளம்போலவே தோற்றம் காட்டிப் பணம் வாங்கும் தனியார் இணையதளங்கள் முளைத்ததும், உத்யம் எடுத்துவிட்டால் எல்லா உரிமமும் எடுத்தாயிற்று என்று பலர் நம்பிக்கொண்டிருப்பதும் தனிக் கதை.

உண்மையான தடை கட்டட உரிமையாளரின் கையெழுத்தில் இருக்கிறது. தொழில் உரிமத்துக்கு வாடகை ஒப்பந்தமோ உரிமையாளரின் சம்மதக் கடிதமோ வேண்டும், சொத்து வரி ரசீது வேண்டும். சிறு கடைகளில் பல வாடகைக் கட்டடத்தில் நடப்பவை. வீடாகப் பதிவான கட்டடத்தில் கடை என்று எழுதிக் கொடுத்தால் சொத்து வரி உயரும், மின் இணைப்பை வணிகக் கட்டணத்துக்கு மாற்ற வேண்டிவரும், வாடகை வருமானம் வெளியே தெரியும். உரிமையாளர் ஏன் எழுதிக் கொடுக்கப்போகிறார்? வழக்கமாகக் கிடைப்பது பதினொரு மாத முத்திரைத்தாள் ஒப்பந்தம்தான். ஓராண்டுக்கு மேல் போகும் குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும் என்பதால் வந்த பழக்கம் அது. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் எல்லா ஒப்பந்தங்களையும் வாடகை அதிகார அமைப்பிடம் பதியச் சொல்கிறது. பழக்கம் இன்னும் முத்திரைத்தாளோடு நிற்கிறது.

ஆக, சமையற்கட்டைக் கண்ணாடிபோல் வைத்திருக்கும் ஒருவருக்கு உரிமையாளர் ஒத்துழைக்காததால் உரிமம் கிடைக்காமல் போகலாம். சொந்தக் கட்டடத்தில் ஈ மொய்க்கக் கடை நடத்துகிறவருக்குச் சிக்கலில்லாமல் கிடைத்துவிடும். இதில் இன்னொரு விசித்திரம்: சொத்து வரிக் கணக்கு உள்ளாட்சியிடமே இருக்கிறது. தான் கொடுத்த ரசீதையே தன்னிடம் கொண்டுவந்து காட்டச் சொல்கிறது அலுவலகம்.

வீட்டிலிருந்தபடி ஊறுகாயும் முறுக்கும் செய்து விற்கும் பெண்களுக்கு இந்த முடிச்சு இன்னும் இறுக்கம். வீட்டு மின் இணைப்பை அனுமதியில்லாத வேறு பயன்பாட்டுக்குத் திருப்பினால், 2003-ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டம் 126-ஆம் பிரிவின்படி உரிய கட்டணத்தைப்போல் இரு மடங்கு மதிப்பிடலாம். உணவுத் துறையில் பதிவு செய்தால் மின்வாரியம் வந்துவிடுமோ என்ற பயத்திலேயே பதிவைத் தள்ளிப்போடுகிறார்கள். ஒரு துறையிடம் நேர்மையாக இருந்தால் இன்னொரு துறையிடம் மாட்டிக்கொள்வோம் என்ற நிலையில், உரிமம் எடுக்காதவர் அத்தனை பேரையும் கள்ளராக எண்ண முடியாது.

வரம்பு தூண்டும் பொய்

விற்றுமுதல் வரம்புகளும் இதே வேலையைச் செய்கின்றன. 2011 விதிகள் ஆண்டு விற்றுமுதல் 12 லட்சம் ரூபாய்வரை பதிவு, அதற்கு மேல் உரிமம் என்று பிரித்தன. ஆண்டுக்கு 12 லட்சம் என்றால் நாளுக்குச் சுமார் 3,290 ரூபாய். டீ 12 ரூபாய் என்று வைத்தாலும் 274 டீயில் வரம்பு முடிந்துவிடும். பேருந்து நிலையத்துக்கு அருகிலுள்ள சுமாரான டீக்கடைகூட இதைத் தாண்டும். நூறு ரூபாய்ப் பதிவோடு நிற்க வேண்டுமானால் குறைத்துச் சொல்ல வேண்டியிருந்தது. தொழிலின் முதல் படிவத்திலேயே பொய் எழுதப் பழக்கியது இந்த வரம்பு.

அந்தப் பொய் எத்தனை நாள் தாங்கும் என்பதைக் கர்நாடகம் காட்டியது. 2025 ஜூலையில் அங்குள்ள வணிகவரித் துறை யுபிஐ வரவுகளைப் பார்த்துச் சிறு கடைகளுக்கு ஜிஎஸ்டி அறிவிப்பு அனுப்பியது. பெங்களூரில் பல கடைகள் உடனே க்யூஆர் அட்டையைக் கழற்றிவிட்டு, ரொக்கம் மட்டும்தான் வாங்குவோம் என்று எழுதி ஒட்டின. வெளிச்சத்துக்கு வந்த கடைகளை முறை மறுபடி இருட்டுக்குள் தள்ளியது.

இதைவிட ஆழமான குறை, விற்றுமுதல் ஆபத்தின் அளவுகோல் ஆகாது என்பது. தொழிற்சாலையில் மூடி முத்திரையிட்டு வந்த பிஸ்கட்டையும் எண்ணெய்ப் பாக்கெட்டையும் விற்கும் மளிகைக் கடை ஆண்டுக்கு 50 லட்சம் விற்றால் 2011 விதிகளின்படி அது உரிமம் எடுக்க வேண்டியிருந்தது. நாளுக்கு மூவாயிரம் ரூபாய்க்கு ஷவர்மா விற்கும் தெருமுனைக் கடைக்கு எளிய பதிவே போதுமாக இருந்தது. எந்தக் கடையின் கதவை முதலில் தட்ட வேண்டும் என்று ஒரு சாதாரண வாடிக்கையாளருக்குத் தெரியும். வரம்பு போட்ட விதிக்குத் தெரியவில்லை.

காகிதமில்லாத அனுமதி

இந்த விதிகளில் தாராளம் இல்லாமல் இல்லை. பதிவுக்கு விண்ணப்பித்து ஏழு நாளுக்குள் பதிவோ மறுப்போ ஆய்வு அறிவிப்போ வராவிட்டால், சிறு உணவுத் தொழில் செய்பவர் கடையைத் தொடங்கிக்கொள்ளலாம் என்று 2011 விதிகளே சொல்கின்றன. அதிகாரியின் மௌனத்தைச் சம்மதமாகக் கொள்ளும் நல்ல ஏற்பாடு. ஆனால் அந்தச் சம்மதத்தைக் காட்டக் கையில் என்ன இருக்கிறது? டெலிவரி நிறுவனம் எண் கேட்கும், வங்கி சான்று கேட்கும், சோதனைக்கு வருபவரும் சான்று கேட்பார். கெடு முடிந்த மறுநாள் கணினியே சான்றை வெளியிடாத வரை, இந்த உரிமை சட்டம் படித்தவருக்கு மட்டும்தான். மற்றவர்கள் இ-சேவை மையத்தின் வாசலில் நிற்கும் புரோக்கரிடம் போவார்கள்.

பெரிய தொழில்களின் கதை வேறு மாதிரி முடிந்தது. உரிமம், பர்மிட், கோட்டா ஆகியவற்றின் ராஜ்ஜியம் என்று ராஜாஜி சாடியதும், 1959-இல் சுதந்திரா கட்சியைத் தொடங்கியதும் அந்தக் காலத்து அரசியல். 1951-ஆம் ஆண்டுச் சட்டத்தின் தொழில் உரிமக் கட்டாயத்தை 1991 ஜூலையின் தொழிற்கொள்கை பெரும்பாலான தொழில்களுக்கு நீக்கியது. ஆலை முதலாளிக்கு டெல்லியில் காத்திருக்கும் வேலை போயிற்று. இட்லிக் கடைக்காரருக்கு வேண்டிய உரிமங்கள் உள்ளாட்சியிலும் மாநிலத் துறைகளிலும் இருந்தன. அவற்றை அந்தச் சீர்திருத்தம் தொடவே இல்லை. பின்னாளில் வந்த ஒற்றைச் சாளர முறையும் ஆலோசகர் வைத்துக்கொள்ள வசதியுள்ள தொழில்களுக்கே அதிகம் பயன்பட்டது. சாளரம் ஒன்றானாலும் அதன் வழியே நீட்ட வேண்டிய காகிதங்கள் குறையவில்லை.

மாற்று எப்படி இருக்கும் என்பதற்குச் சிங்கப்பூர் ஓர் எடுத்துக்காட்டு. 1960-களின் இறுதியில் அங்கே தெருவோர உணவு வியாபாரிகளைப் பதிவு செய்தார்கள். 1980-களின் நடுவுக்குள் அவர்களை உணவங்காடி நிலையங்களுக்கு மாற்றினார்கள். உரிமத்தோடு குழாய்த் தண்ணீர், கழிவுநீர்ப் பாதை, குப்பை அகற்றும் வசதி எல்லாம் சேர்ந்து வந்தன. அது சிறு நகர அரசு, நிலமும் பெரும்பாலும் அரசின் கையில் இருந்தது. அப்படியே இங்கே நட முடியாது. இடம் மாறியதில் பழைய வாடிக்கையை இழந்தவர்களும் உண்டு. எனினும் சுத்தத்தைக் கேட்கிற அரசு சுத்தத்துக்கு வேண்டிய வசதியையும் தர வேண்டும் என்ற பாடம் நமக்கும் பொருந்தும். குழாயே இல்லாத தெருவில் கை கழுவவில்லை என்று அபராதம் போடுவதால் யாருடைய வயிறும் பாதுகாப்படையாது.

எடை எங்கே விழ வேண்டும்

என் தீர்ப்பு இது: உரிமம் தொடர வேண்டும், அதன் எடை இடம் மாற வேண்டும். இப்போது அது நுழைவாயிலில், ஆவணங்கள்மேல் விழுகிறது. கடை திறந்த பிறகு, விபரீதம் நடந்தால் மட்டுமே பலமாகத் திரும்பி வருகிறது. நாமக்கல் சாவுக்குப் பிறகு ஷவர்மாவுக்கே தற்காலிகத் தடை வந்தது. ஒழுங்காகச் சமைத்தவரும் அதில் சேர்ந்து அடிபட்டார். இதைத் திருப்பிப் போட வேண்டும். உள்ளாட்சி தன்னிடமுள்ள சொத்து வரி எண்ணை வைத்தே முகவரியைச் சரிபார்த்துக்கொள்ளலாம். உரிமையாளரின் கையெழுத்து இல்லையென்றால் கடை நடக்கும் இடத்துக்கு நேரில் வந்து பார்த்துத் தற்காலிக உரிமம் தரலாம். விற்றுமுதலுக்குப் பதில் உணவின் ஆபத்தைக் கொண்டு கடைகளைப் பிரிக்கலாம்: பாக்கெட் விற்கும் பெட்டிக்கடைக்கு ஒரு பதிவு போதும், இறைச்சி, பால், மயோனைஸ் கையாளும் கடைக்குத் திறப்பதற்கு முன்பே ஒரு வருகை கட்டாயம். அந்த முதல் வருகை அபராதப் புத்தகம் இல்லாத வருகையாக, என்ன மாற்ற வேண்டும் என்று எழுதிக் கொடுக்கும் வருகையாக இருக்க வேண்டும்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. ஆவணத்தின் இடத்தில் ஆய்வு வந்தால் இன்ஸ்பெக்டர் அடிக்கடி வருவார், மாமூலும் கூடவே வரும். உண்மைதான்; ஆவணம் முறையாக இருக்கிறதா என்பதில் விவாதத்துக்கு இடம் குறைவு, சமையற்கட்டு சுத்தமா என்பதில் அதிகம். ஆகவே ஆய்வுப் பட்டியல் கடைக்காரர் கையில் முன்பே தமிழில் இருக்க வேண்டும். எந்தக் கடைக்கு யார் போவது என்பதைக் கணினி தீர்மானிக்க வேண்டும். ஆய்வின் முடிவு கடை வாசலில் வாடிக்கையாளர் கண்ணில் படும்படி ஒட்டப்பட வேண்டும். மறைவில் நடக்கும் ஆய்வில்தான் பேரம் எளிது. ஊழல் அடியோடு ஒழிந்துவிடும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இன்றும் அது இல்லாமல் இல்லை. காகிதத்தின் பெயரில் நடக்கிறது, அதனால் சாப்பிடுகிறவருக்கு எந்தப் பலனும் இல்லை.

ஆட்கள் போதாது என்பது துறைகளின் நிரந்தரப் பதில். ஆபத்து குறைந்த கடைகளின் படிவங்களில் போகும் நேரத்தை ஆபத்து கூடிய சமையற்கட்டுகளுக்குத் திருப்பிய பிறகும் ஆள் போதவில்லை என்றால், கூடுதல் ஆள் கேட்பதில் நியாயம் இருக்கும். இனி வரும் எந்த உரிமச் சீர்திருத்தத்தையும் எத்தனை நாளில் சான்று கிடைக்கிறது என்று மட்டும் அளக்காமல், அதிகாரியின் வேலை நேரத்தில் எவ்வளவு கடைக்குள் செலவாகிறது என்றும் அளக்க வேண்டும். அந்தக் கணக்கைத் துறைகள் ஆண்டுதோறும் வெளியிட்டால், சிறு வணிகர் கட்டும் நூறு ரூபாய் எதற்குப் போகிறது என்பது அவருக்கும் தெரியும், அவர் கடையில் சாப்பிடும் நமக்கும் தெரியும்.