வயோன்ட் அணைப் பேரழிவு: நிலவியல் நோக்கில் ஒரு திறனாய்வு

வயோன்ட் அணை, வடகிழக்கு இத்தாலியில் பியாவே ஆற்றுடன் கலக்கும் வயோன்ட் ஆற்றின் குறுகிய பள்ளத்தாக்கில் கட்டப்பட்ட வளைவு அணை ஆகும். 1963 அக்டோபர் 9 அன்று இரவு 10.39 மணிக்கு, அதன் நீர்த்தேக்கத்தின் தென்கரையில் உள்ள டோக் மலையின் வடசரிவு பெயர்ந்து நீருக்குள் இறங்கியது. எழுந்த அலை அணையைத் தாண்டி, எதிரே பியாவே பள்ளத்தாக்கில் இருந்த லோங்கரோனே ஊரையும் அருகிலிருந்த சிற்றூர்களையும் அழித்தது. ஏறத்தாழ 2000 பேர் இறந்தனர். அணை உடையவில்லை. உச்சியில் சிறு சேதத்துடன் அது இன்றும் நிற்கிறது.

இந்நிகழ்வைக் குறிப்பிடுவோர் பலர் இதை 'அணை விபத்து' என்றோ 'இயற்கைப் பேரிடர்' என்றோ சொல்லி முடித்துவிடுகின்றனர். இரண்டும் பொருந்தாதவை. அணையின் கட்டுமானத்தில் பிழை இல்லை. மலையும் முன்னறிவிப்பு இல்லாமல் விழவில்லை. மூன்று ஆண்டுகள் அது அசைந்துகொண்டிருந்ததை அளந்து குறித்து வைத்திருந்தனர். நிலவியல் தந்த செய்தியைக் குடிசார் பொறியியல் எப்படிக் கையாண்டது என்பதே இங்கு ஆராய வேண்டிய கேள்வி.

அணையும் இடமும்

கார்லோ செமென்சா வடிவமைத்த இவ்வணை 261.6 மீட்டர் உயரமுடையது. கட்டி முடித்தபோது வளைவு அணைகளில் உலகிலேயே உயரமானது. அகன்ற அடித்தளத்தின் எடையால் நீரைத் தடுக்கும் அணை ஈர்ப்பு அணை எனப்படும். வளைவு அணை அவ்வாறன்று. நீரின் தள்ளுவிசையை அது இருபுறப் பாறைகளுக்குக் கடத்துகிறது. எனவே அணை தோள் கொடுத்து நிற்கும் பாறையின் உறுதி முதலில் ஆராயப்பட்டது. அந்த ஆய்வு சரியாகவே நடந்தது என்பதற்கு இன்றும் நிற்கும் அணையே சான்று.

ஆனால் நீர்த்தேக்கம் என்பது அணை மட்டும் அன்று. பள்ளத்தாக்கின் இரு சரிவுகளும் அதன் சுவர்களே. அவை தண்ணீரில் ஊறும்போது எப்படி நடந்துகொள்ளும் என்ற கேள்வி, கட்டுமானம் பெருமளவு முடிந்த பின்னரே கவனம் பெற்றது. முதற்பிழை இதுவே. இடத்தைத் தேர்ந்தெடுக்கும் முன் கேட்க வேண்டிய கேள்வியை, பணத்தையும் கற்காரையையும் கொட்டிய பின் கேட்டால், விரும்பாத விடையை ஏற்பது எவருக்கும் கடினம்.

கிடைத்த எச்சரிக்கைகள்

1959 மார்ச்சில் அருகிலுள்ள பொன்டேசெய் நீர்த்தேக்கத்தில் நிலச்சரிவு ஏற்பட்டு ஒருவர் இறந்தார். அதுவும் இதே நிறுவனத்துக்கு உரியது. அதன்பின் வயோன்ட் சரிவுகளை ஆராய எடோர்டோ செமென்சா என்ற இளம் நிலவியலாளர் அமர்த்தப்பட்டார். இவர் அணையை வடிவமைத்த பொறியாளரின் மகன். டோக் மலைச்சரிவின் ஒரு பெரும்பகுதி பழங்காலத்தில் ஏற்கெனவே சரிந்து வந்து நின்ற பாறைத்திரள் என்றும், நீர் உயர்ந்தால் அது மீண்டும் நகரக்கூடும் என்றும் இவர் கண்டார். இவரும் பிராங்கோ ஜியூடிசியும் சேர்ந்து 1960இல் அறிக்கை அளித்தனர்.

இதைச் சோதிக்க இட்ட ஆழ்துளைகளில் வழுக்குப் பரப்பு தென்படவில்லை. அவை போதிய ஆழம் செல்லவில்லை என்பது பின்னர் தெரிந்தது. துளை எட்டிய ஆழத்துக்குக் கீழே என்ன இருக்கிறது என்பதை அத்துளை சொல்லாது. 'காணவில்லை' என்பதை 'இல்லை' என்று படிப்பது மண் ஆய்வில் இன்றும் நேரும் தவறு.

1960 நவம்பர் 4 அன்று, நீர்மட்டம் ஏறத்தாழ 650 மீட்டரில் இருந்தபோது, 7 லட்சம் கன மீட்டர் பாறை நீருக்குள் சரிந்தது. மலைமேல் 2 கிலோமீட்டர் நீளத்துக்கு விரிசல் தெரிந்தது. 1961 பிப்ரவரியில் ஆலோசகர் லியோபோல்ட் முல்லர், நகரும் திரள் ஏறத்தாழ 20 கோடி கன மீட்டர் இருக்கும் என மதிப்பிட்டார். உண்மையில் விழுந்தது ஏறத்தாழ 27 கோடி கன மீட்டர். அளவைப் பொறுத்தவரை நிலவியல் தவறவில்லை.

களிமண்ணும் நீரழுத்தமும்

டோக் மலை சுண்ணாம்புக்கல் அடுக்குகளால் ஆனது. அவற்றிடையே சில சென்டிமீட்டர் தடிப்பில் களிமண் படலங்கள் உள்ளன. நீர் பட்டால் உப்பும் வகைக் களிமண் அதில் மிகுதி. ஈரக் களிமண்ணின் உராய்வு, பாறையோடு பாறை உரசும் உராய்வைவிட மிகக் குறைவு. மலையின் பருமன் எவ்வளவாயினும், அதன் வலிமையை முடிவு செய்தது விரற்கடை அளவுள்ள இந்தப் படலமே.

அத்துடன் நீரழுத்தமும் சேர்ந்தது. மண்ணின் இடுக்குகளில் நிரம்பும் நீர், மேலுள்ள சுமையின் ஒரு பங்கைத் தான் தாங்கிக்கொள்கிறது. எஞ்சிய பங்கே துகளைத் துகளோடு அழுத்துகிறது. உராய்வு அந்த எஞ்சிய பங்கைப் பொறுத்தது. ஆகவே நீரழுத்தம் கூடக்கூட உராய்வு குறையும். கார்ல் டெர்சாகி 1920களிலேயே வகுத்த கோட்பாடு இது.

டோக் மலையின் வழுக்குப் பரப்பு நாற்காலி போன்றது. சாய்மானம் போன்ற செங்குத்துப் பகுதி பாறையைக் கீழே தள்ளியது. இருக்கை போன்ற கிடைமட்டப் பகுதி அதைத் தடுத்து நிறுத்தியிருந்தது. நீர்த்தேக்கம் உயர்ந்தபோது நீர் புகுந்து அழுத்தியது இந்த இருக்கைப் பகுதியைத்தான். தடுப்பு இருந்த இடத்திலேயே தடுப்பு தளர்ந்தது.

நீர்மட்டத்தால் மலையை ஆளும் முயற்சி

சரிவைத் தடுக்க இயலாது என்று தெரிந்தபின், நீர்மட்டத்தை ஏற்றியும் இறக்கியும் அதன் வேகத்தைக் கட்டுப்படுத்தலாம் என்ற திட்டம் வகுக்கப்பட்டது. முதல் முறை நீர் ஏறியபோது மலை நகர்ந்தது, இறக்கியபோது நின்றது. இரண்டாம் முறை, ஏற்கெனவே நனைந்த மட்டம் வரை ஏற்றியபோது நகர்வு குறைவாக இருந்தது. பாறை முதன்முறை நனையும்போது மட்டுமே நகர்கிறது, மெல்ல நனைத்தால் அடங்கிவிடும் என்று இதிலிருந்து முடிவு செய்தனர்.

இம்முடிவு முற்றிலும் அறிவற்றது அன்று. கையில் இருந்த அளவீடுகள் அதற்கு இடம் தந்தன. ஆனால் இரண்டு சுற்றுகளின் அனுபவத்தை விதியாக்கியதும், அவ்விதியை ஆயிரக்கணக்கானோர் வாழும் பள்ளத்தாக்கின் மேல் சோதித்ததும் நியாயப்படுத்த முடியாதவை. மழையின் பங்கும் கணக்கில் வரவில்லை. மேலிருந்து இறங்கும் மழைநீர் களிமண் படலங்களின் கீழ் அழுத்தத்தைக் கூட்டியது. நீர்மட்டத்தையும் மழையையும் சேர்த்துப் பார்த்தால்தான் நகர்வு விளங்கும் என்பதை ஹென்ட்ரனும் பாட்டனும் 1985இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினர்.

1963 செப்டம்பரில் நீர்மட்டம் 710 மீட்டரை எட்டியது. நகர்வு கூடியதும் நீரை இறக்கத் தொடங்கினர். இம்முறை மலை நிற்கவில்லை; கடைசி நாட்களில் ஒரு நாளைக்கு 20 சென்டிமீட்டர் வரை நகர்ந்தது. வெளியே நீர் இறங்கினாலும் மலைக்குள் புகுந்த நீர் அதே வேகத்தில் வடிவதில்லை. வெளிநீர் தந்த தாங்கல் போய்விடும். உள்ளழுத்தம் மட்டும் எஞ்சும்.

மாதிரிச் சோதனை

சரிவு எத்தகைய அலையை எழுப்பும் என அறிய 1:200 அளவில் நீரியல் மாதிரி அமைத்துச் சோதித்தனர். சரியும் மலைக்குப் பதிலாகச் சரளைக்கல் பயன்பட்டது. திரள் ஒரே வீச்சில் விழாது, பகுதி பகுதியாகவே விழும் எனக் கொண்டு, 4 கோடி கன மீட்டர் வரையே கணக்கிடப்பட்டது. 700 மீட்டர் மட்டம் பாதுகாப்பானது என்ற முடிவு இதிலிருந்து வந்தது. சரிவு நிகழ்ந்தபோது நீர்மட்டம் ஏறத்தாழ அதுவே. ஆனால் மலை ஒரே துண்டாக இறங்கியது. அலை அணையின் உச்சிக்கு மேல் 100 மீட்டருக்கும் அதிகமாக எழுந்தது. முல்லர் சொன்ன 20 கோடியும் மாதிரி எடுத்துக்கொண்ட 4 கோடியும் ஒரே திட்டத்தின் கோப்புகளில் இருந்தன என்பதே இங்கு மிகக் கடுமையான குற்றச்சாட்டு.

பிற்கால மதிப்பீடு

திரள் அவ்வளவு வேகத்தில் பாயும் என்று எவராலும் கணித்திருக்க முடியாது என்பது பேரழிவுக்குப் பின் முன்வைக்கப்பட்ட வாதம். வேகத்தைப் பொறுத்தவரை இதில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் மக்களை அப்புறப்படுத்த வேகத்தின் துல்லியக் கணக்கு தேவையில்லை. மலை நிற்காது என்ற அறிவு போதும். 1971இல் இத்தாலியின் உச்ச நீதிமன்றமும் பேரழிவு முன்கூட்டியே அறியக்கூடியது என ஏற்றுப் பொறுப்பிலிருந்த இருவரைக் குற்றவாளிகள் எனத் தீர்த்தது. மலை அசைவதாக எழுதிய இதழாளர் டினா மெர்லின், பொய்ச்செய்தி பரப்பியதாக வழக்குத் தொடரப்பட்டு 1960இலேயே விடுவிக்கப்பட்டிருந்தார். மலையடியில் வாழ்ந்தோரின் அச்சத்தையே அவர் எழுதினார்.

வயோன்டுக்கு முன்பே 1928இல் அமெரிக்காவின் செயின்ட் பிரான்சிஸ் அணையும், 1959இல் பிரான்சின் மால்பாசே அணையும் அடிப்பாறையின் குறையால் உடைந்து நூற்றுக்கணக்கானோர் இறந்தனர். அங்கு பாறை அணையைக் கைவிட்டது. இங்கு பாறை நீர்த்தேக்கத்துக்குள்ளேயே வந்து விழுந்தது. குடிசார் பொறியியல் பயிலும் மாணவர்கள் மண் இயக்கவியலைத் தேர்வுக்கான சூத்திரங்களாக மட்டும் கற்பதுண்டு. வயோன்டில் சூத்திரமும் இருந்தது, அளவீடும் இருந்தது, அறிக்கையும் இருந்தது. 'நிறுத்து' என்று சொல்லும் அதிகாரம் நிலவியலாளரிடம் இல்லை.