மேல்நிலைக் கணிதப் பாடவரிசை: தொடர்ச்சியும் முறிவும் – சென்னை மேற்குப் புறநகர்ச் சூழலை முன்வைத்து ஒரு விமர்சனம்

ஆய்வுச் சுருக்கம்

தமிழ்நாட்டில் 2018–19, 2019–20 ஆகிய கல்வியாண்டுகளில் நடைமுறைக்கு வந்த 9 முதல் 12 வரையிலான வகுப்புகளின் கணிதப் பாடநூல்களை நான்காண்டுத் தொடர்வரிசை ஒன்றாகக் கருதி இக்கட்டுரை ஆராய்கிறது. கணிதத்தின் உள் ஒழுங்கைப் பொறுத்தவரை இவ்வரிசை பெரிதும் செம்மையானதே. ஆயினும் கலைச்சொல், பிற பாடங்களுடனான கால ஒத்திசைவு, 10ஆம் வகுப்புடன் பொதுக்கல்வியை நிறைவுசெய்வோரின் தேவை ஆகிய மூன்று முனைகளில் அது முறிவுபடுகிறது. இம்முறிவுகளின் சுமை தமிழ்வழி மாணவர் மீதே கூடுதலாக விழுகிறது என்பது இக்கட்டுரையின் கருதுகோளாகும்.

திறவுச்சொற்கள்: கணிதப் பாடவரிசை, சுருள்வடிவக் கலைத்திட்டம், கலைச்சொல் தொடர்ச்சி, தமிழ்வழிக் கல்வி, மேல்நிலைக் கல்வி.

முன்னுரை

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆகிய மேற்குப் புறநகர்ப் பகுதிகள் கணிதக் கல்வியை ஆராய்வோருக்கு வளமான களமாகும். 1960களில் உருவான அம்பத்தூர் தொழிற்பேட்டையும், 1961இல் நிறுவப்பட்ட ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையும் இப்பகுதியின் வாழ்வை வடிவமைத்தவை. மாநிலப் பாடத்திட்டத்தைப் பின்பற்றும் அரசு, அரசு உதவிபெறும், மெட்ரிக் பள்ளிகளும், மத்தியப் பாடத்திட்டத்தைப் பின்பற்றும் கேந்திரிய வித்யாலயங்களும் இங்கு அருகருகே இயங்குகின்றன. 10ஆம் வகுப்பு முடித்த மாணவர்முன் மேல்நிலைக் கல்வி, பாலிடெக்னிக், ஐ.டி.ஐ. என மூன்று வழிகள் பிரிகின்றன. இம்மூன்றுக்கும் ஒரே பாடவரிசை எவ்வாறு பயன்படுகிறது என்பது ஆராயத்தக்கது.

ஒரு பாடவரிசையை மதிப்பிடுகையில் அதில் எவை இடம்பெற்றுள்ளன என்பதோடு, எது எதற்கு முன் வருகிறது, ஏன் வருகிறது, முன் கற்றதைப் பின் வருவது அடையாளம் கண்டு பயன்படுத்துகிறதா என்பனவும் வினவப்பட வேண்டும்.

பாடவரிசையின் உள் ஒழுங்கு

ஜெரோம் புரூனர் 1960இல் வெளியிட்ட கல்விச் செயல்முறை பற்றிய நூலில் சுருள்வடிவக் கலைத்திட்டம் என்னும் கருத்தை முன்வைத்தார். ஒரே கருத்தை முதலில் எளிய நிலையிலும், மீண்டும் மீண்டும் உயர்ந்த நிலையிலும் கற்பிப்பதே அதன் சாரம். தமிழ்நாட்டுப் பாடநூல்கள் இக்கருத்தைப் பல இடங்களில் நிறைவேற்றியுள்ளன. 9ஆம் வகுப்பின் முதல் இயலான ‘கண மொழி’, 10ஆம் வகுப்பின் முதல் இயலான ‘உறவுகளும் சார்புகளும்’ என்பதற்கு அடித்தளமாகிறது. அதுவே 11ஆம் வகுப்பின் முதல் இயலுக்கு இட்டுச்செல்கிறது. 10ஆம் வகுப்பு இயற்கணித இயலில் அறிமுகமாகும் அணிகள், 11ஆம் வகுப்பில் அணிக்கோவைகளுடன் விரிந்து, 12ஆம் வகுப்பின் முதல் இயலில் பயன்பாடுகளாக வளர்கின்றன.

11ஆம் வகுப்பு நூலின் வரிசைக்கும் உரிய காரணம் உண்டு. வெக்டர்களின் குறுக்குப் பெருக்கலை அணிக்கோவையாக எழுத வேண்டியிருப்பதால் 7ஆம் இயலான அணிகளுக்குப் பின் 8ஆம் இயலாக வெக்டர் இயற்கணிதம் அமைகிறது. எல்லை, வகையிடல் ஆகியவற்றுக்குச் சார்பும் முக்கோணவியலும் வேண்டும் என்பதால் அவை 9, 10ஆம் இயல்களாகின்றன. ஆகவே இவ்வரிசை தற்செயலானதன்று. அது கணிதம் என்னும் ஒரு துறைக்குள் மட்டும் நின்று சிந்திக்கப்பட்டது என்பதே சிக்கலாகும்.

கலைச்சொல் முறிவு

10ஆம் வகுப்பில் ‘உறவு’ எனக் கற்ற கருத்து, 11ஆம் வகுப்பின் ‘கணங்கள், தொடர்புகள் மற்றும் சார்புகள்’ என்னும் இயலில் ‘தொடர்பு’ என மாறுகிறது. 10ஆம் வகுப்பின் ‘எண்களும் தொடர்வரிசைகளும்’ என்னும் இயலில் ‘தொடர்வரிசை’ என அறிந்தது, 11ஆம் வகுப்பின் ‘ஈருறுப்புத் தேற்றம், தொடர்முறைகள் மற்றும் தொடர்கள்’ என்னும் இயலில் ‘தொடர்முறை’ ஆகிறது. ஆங்கிலவழி நூல்களில் இவ்விரு இடங்களிலும் சொல் மாறவில்லை. ஆங்கிலவழி மாணவர் முந்தைய ஆண்டில் கற்ற சொல்லையே மீண்டும் சந்திக்கிறார். தமிழ்வழி மாணவரோ பழைய கருத்தைப் புதிய கருத்து என எண்ணும் நிலைக்கு ஆளாகிறார்.

‘ஆயத்தொலை வடிவியல்’ 11ஆம் வகுப்பில் ‘பகுமுறை வடிவியல்’ ஆவதை இவற்றோடு சேர்த்து எண்ணுதல் கூடாது. அங்கு ஆங்கிலத்திலும் பெயர் மாறுகிறது. அணுகுமுறையின் விரிவையும் அம்மாற்றம் குறிக்கிறது. உறவு–தொடர்பு, தொடர்வரிசை–தொடர்முறை ஆகியவற்றில் கருத்து மாறாமல் சொல் மட்டும் மாறுகிறது. சுருள்வடிவக் கலைத்திட்டம் பயன்தர வேண்டுமெனில் மீண்டும் வரும் கருத்தை மாணவர் இனங்காண வேண்டும். இனங்காண்பதற்கான முதல் அடையாளம் சொல்லே. அது மாறும்போது சுருளின் இழை அறுந்துவிடுகிறது.

இரு சொற்களும் தமிழில் ஏற்புடையனவே. எது சிறந்தது என்னும் விவாதத்தைவிட, நான்காண்டுகளுக்கும் ஒரே சொல் என்னும் உறுதியே இன்றியமையாதது. இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் அணியைத் ‘தாயம்’ என்றும் வெக்டரைக் ‘காவி’ என்றும் குறிக்கின்றன. நாட்டுக்கு நாடு சொல் வேறுபடுவது வரலாற்றின் விளைவு. ஒரே மாநிலத்தில், ஒரே பாடநூல் நிறுவன வெளியீடுகளில், அடுத்தடுத்த வகுப்புகளில் வேறுபடுவது திட்டமிடலின் குறையே.

இயற்பியலுடன் கால ஒத்திசைவின்மை

11ஆம் வகுப்பு இயற்பியலின் 2ஆம் அலகான இயக்கவியல், வெக்டர்களின் கூட்டல், கூறுகளாகப் பிரித்தல், பெருக்கல் ஆகியவற்றையும், திசைவேகம், முடுக்கம் ஆகியவற்றை வகைக்கெழுவாக எழுதுதலையும் வேண்டுகிறது. கல்வியாண்டின் தொடக்கத்திலேயே இவ்வலகு கற்பிக்கப்படுகிறது. கணிதத்திலோ வெக்டரும் வகையிடலும் இரண்டாம் தொகுதியில் உள்ளன. இதனால் இயற்பியல் நூலே வெக்டர் இயற்கணிதத்தையும் நுண்கணிதத்தின் அடிப்படைகளையும் சில பக்கங்களில் சுருக்கித் தர நேர்ந்துள்ளது. மாணவர் முதலில் விளக்கமின்றி விதியைப் பயன்படுத்துகிறார். பல மாதங்கள் கழித்து விளக்கத்தைப் பெறுகிறார். இடைப்பட்ட காலத்தை யார் நிரப்புவது? தனிப்பயிற்சிக்குச் செலவிடக்கூடிய குடும்பத்தில் தனிப்பயிற்சி ஆசிரியர் நிரப்புகிறார். அவ்வசதியற்றோருக்கு அது இடைவெளியாகவே எஞ்சுகிறது.

இலங்கையின் உயர்தர வகுப்பில் ‘இணைந்த கணிதம்’ என்னும் பாடம் நிலையியலையும் இயக்கவியலையும் கணிதத்துக்குள்ளேயே கொண்டுள்ளது. அம்முறையை அப்படியே ஏற்க வேண்டும் என்பதில்லை. ஆயின் கணிதமும் அது பயன்படும் இடமும் ஒருங்கே திட்டமிடப்பட முடியும் என்பதற்கு அது தமிழ்வழியிலேயே கிடைக்கும் சான்றாகும். தமிழ்நாட்டுச் சூழலில் இதற்கு எளிய தீர்வு உண்டு. இருபரிமாண வெக்டரின் கூட்டலுக்கும் கூறுகளாகப் பிரித்தலுக்கும் அணிக்கோவை தேவையில்லை. 10ஆம் வகுப்பு முக்கோணவியலே போதும். மாறுவீதம் என்னும் கருத்தை வரைபடத்தின் சாய்வு வழியாக அறிமுகப்படுத்தலாம். இவ்விரண்டையும் முதல் தொகுதியின் முகப்பில் ஒரு சிறு இயலாக வைத்து, முறையான வளர்ச்சியை இரண்டாம் தொகுதிக்கு விடுவதே சுருள்வடிவ நெறிக்கும் பொருந்துவதாகும்.

10ஆம் வகுப்பு: முடிவா, வாயிலா?

10ஆம் வகுப்புக் கணிதத் தேர்வின் 100 மதிப்பெண்கள் 14 ஒரு மதிப்பெண், 10 இரண்டு மதிப்பெண், 10 ஐந்து மதிப்பெண், 2 எட்டு மதிப்பெண் வினாக்களாகப் பகிரப்படுகின்றன. எட்டு மதிப்பெண் வினாக்கள் செய்முறை வடிவியலும் வரைபடமும் ஆகும். தேர்ச்சிக்குரிய 35இல் 16 மதிப்பெண்கள் இவ்விரண்டிலேயே கிடைப்பதால், மெல்லக் கற்போருக்கான பயிற்சி இவற்றையே மையமிடுகிறது. தேர்ச்சி நோக்கில் இது நியாயமே. பாடவரிசை நோக்கில் ஒரு முரண் எழுகிறது. வரைபடம் 11ஆம் வகுப்பில் சார்புகளின் வரைபடமாகத் தொடர்கிறது. செய்முறை வடிவியலுக்கோ மேல்நிலையில் தொடர்ச்சியே இல்லை. மேலே எதற்கும் வழிவிடாத பகுதியில்தான் நலிந்த மாணவர் பெரும் உழைப்பைச் செலவிடுகிறார்.

மேல்நிலைக்குச் செல்லாதவருக்கும் இவ்வரிசை முழுமையாக உதவவில்லை. கடைசல் எந்திரத்தில் ஒரு தண்டைச் சரிவாகக் கடைய, இரு விட்டங்களின் வேறுபாட்டை நீளத்தின் இருமடங்கால் வகுத்து, அதற்குரிய டேன் கோணத்தைக் காண வேண்டும். கடையப்பட்ட அப்பகுதி ஒரு கூம்பின் இடைக்கண்டமே. டேன் விகிதம் 10ஆம் வகுப்பின் 6ஆம் இயலிலும், இடைக்கண்டம் 7ஆம் இயலிலும் உள்ளன. அடுத்தடுத்து இருந்தும் இவ்விரு இயல்களும் ஒன்றையொன்று அறியாதவை போல் நிற்கின்றன. முக்கோணவியலின் பயன்பாடு கோபுரங்களின் உயரங்களையும் தொலைவுகளையும் கடந்து பணிமனைக்குள் நுழையவில்லை. அம்பத்தூரின் பணிமனைகளைச் சுற்றி வாழும் மாணவருக்கு இந்த இணைப்பே கணிதத்தின் பொருளை உணர்த்தக்கூடியது.

மத்தியப் பாடத்திட்டம் 2019–20 முதல் 10ஆம் வகுப்புக் கணிதத் தேர்வை அடிப்படை, தரநிலை என இரண்டாகப் பிரித்தது. இப்பிரிவு தேர்வின் கடினத்தைக் குறைக்கிறது. ஆனால் 15 வயதிலேயே மாணவரின் வழியைத் தீர்மானிக்கும் அபாயமும் அதில் உண்டு. பாடவரிசையைப் பிரிப்பதைவிட, ஒரே வரிசையைப் பல வாயில்களுக்குத் திறப்பதே சமத்துவ நோக்கிற்கு ஏற்றதாகும்.

11ஆம் வகுப்பின் நிலை

பல பள்ளிகள் 11ஆம் வகுப்புப் பாடங்களைப் புறக்கணித்து 12ஆம் வகுப்புப் பாடங்களை ஈராண்டு கற்பித்ததைத் தடுக்கவே 2017–18இல் 11ஆம் வகுப்புப் பொதுத்தேர்வு அறிமுகமானது. 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையை அடுத்து 2025–26 முதல் அத்தேர்வு கைவிடப்பட்டுள்ளது. மாணவரின் மனச்சுமையைக் குறைக்கும் நோக்கில் இது வரவேற்கத்தக்கது. எனினும் சார்பு, எல்லை, வகையிடல், தொகையிடல் ஆகிய அனைத்தின் அடித்தளமும் 11ஆம் வகுப்பிலேயே உள்ளது. 12ஆம் வகுப்பு நூலின் இயல் தலைப்புகளில் ‘பயன்பாடுகள்’ என்னும் சொல் நான்கு முறை வருவது, அந்நூல் முன்னதன் மேல் எழுப்பப்பட்டது என்பதைத் தானே உணர்த்துகிறது. அடித்தளம் மீண்டும் தவிர்க்கப்படுமானால், விதிகளை மனனம் செய்வதைத் தவிர மாணவருக்கு வேறு வழியிருக்காது. தேர்வு செய்த காவலைப் பாடவரிசையே செய்ய வேண்டும். 12ஆம் வகுப்பின் ஒவ்வோர் இயலும் தனக்குத் தேவையான 11ஆம் வகுப்புக் கருத்தைத் தொடக்கத்தில் பெயர்சுட்டிச் சோதிக்கும் பயிற்சியுடன் அமைவது ஒரு வழியாகும்.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வருவன பெறப்படுகின்றன:

1. 9 முதல் 12 வரையிலான கணிதப் பாடவரிசை துறைசார் ஒழுங்கில் வலுவானது. பாடங்களுக்கிடையிலான ஒழுங்கில் நலிவுற்றது.

2. உறவு–தொடர்பு, தொடர்வரிசை–தொடர்முறை ஆகிய சொல்மாற்றங்கள் தமிழ்வழி மாணவருக்கு மட்டும் நேரும் தடைகள். நான்கு வகுப்புகளுக்கும் பொதுவான கலைச்சொற் பட்டியல் இவற்றை எளிதில் நீக்கும்.

3. வெக்டர், மாறுவீதம் ஆகியவற்றின் எளிய அறிமுகம் 11ஆம் வகுப்பின் தொடக்கத்திலேயே அமைய வேண்டும்.

4. 10ஆம் வகுப்பில் முக்கோணவியலையும் அளவியலையும் பணிமனைப் பயன்பாட்டின்வழி இணைப்பது, மேல்நிலைக்குச் செல்வோர், தொழிற்கல்விக்குச் செல்வோர் ஆகிய இருசாராருக்கும் பயனளிக்கும்.

பாடநூல்கள் அடுத்துத் திருத்தப்படும்போது, ஒவ்வொரு வகுப்புக்கும் தனித்தனிக் குழு என்பதோடு நில்லாமல், நான்கு வகுப்புகளையும் ஒருசேர வாசிக்கும் குழு ஒன்றும் அமைதல் வேண்டும். அக்குழுவில் ஓர் இயற்பியல் ஆசிரியரும், ஒரு தொழிற்பயிற்சி ஆசிரியரும், ஒரு தமிழ்க் கலைச்சொல் அறிஞரும் இடம்பெறுவது இன்றியமையாதது.