லினக்ஸ் கருனியின் தானியங்கிச் சோதனைகள்: ஒரு மதிப்பீடு

லினக்ஸ் கருனியின் தானியங்கிச் சோதனைகள் என்பவை, கெர்னல் என்று பரவலாக அழைக்கப்படும் கருனியில் ஒரு மாற்றம் செய்யப்பட்ட பின், அதுவரை சரியாக இயங்கிய பகுதிகள் தொடர்ந்து சரியாக இயங்குகின்றனவா என்பதை மனிதத் தலையீடின்றிச் சரிபார்க்கும் நிரல்கள். 1991-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய இக்கருனி இன்று ஆண்ட்ராய்டு கைப்பேசிகள், இணைய வழங்கிகள், வீட்டு ரவுட்டர்கள் எனப் பல இடங்களில் இயங்குகிறது. இதன் மூலநிரல் 3 கோடி வரிகளைத் தாண்டிவிட்டது. 9 அல்லது 10 வாரங்களுக்கு ஒருமுறை புதிய பதிப்பு வெளியாகிறது. ஒவ்வொரு பதிப்பிலும் பெரும்பாலும் 10,000-க்கும் மேற்பட்ட மாற்றங்கள் சேர்கின்றன. இவ்வளவையும் கண்ணால் படித்து மட்டும் வழுக்களைத் தடுக்க முடியாது.

லினக்ஸ் உலகில் சோதனைக் கருவிகளுக்குப் பஞ்சமில்லை. எழுதப்பட்ட சோதனைகளைப் பழுதுபார்த்து, நம்பத்தக்க நிலையில் வைத்திருப்பதுதான் பின்தங்கியுள்ளது. சோதனை எழுதுவது பங்களிப்பாக மதிக்கப்படும் அளவுக்கு, எழுதியதைப் பராமரிப்பது மதிக்கப்படுவதில்லை.

சோதனைத் தொகுப்புகள்

கருனிக்கான சோதனைகள் ஓரிடத்தில் இல்லை. பழைய தொகுப்புகளுள் முக்கியமானது எல்டிபி எனப்படும் லினக்ஸ் டெஸ்ட் ப்ராஜெக்ட். எஸ்ஜிஐ நிறுவனம் தொடங்கிய இத்திட்டத்தில் பின்னர் ஐபிஎம், சூசே, ரெட் ஹாட், ஃபுஜிட்சு முதலிய நிறுவனங்களின் நிரலர்கள் பங்கேற்றனர். இது கருனியின் மூலநிரலுக்கு வெளியே தனித் திட்டமாக வளர்கிறது. கோப்பு முறைமைகளைச் சோதிக்கும் எக்ஸ்எஃப்எஸ்டெஸ்ட்ஸ் தொகுப்பும் எஸ்ஜிஐ-யின் எக்ஸ்எஃப்எஸ் பணியிலிருந்து பிறந்ததே. இன்று எக்ஸ்ட்4, பிடிஆர்எஃப்எஸ் ஆகியவற்றுக்கும் அதுவே உரைகல்.

கேசெல்ஃப்டெஸ்ட் கருனியின் மூலநிரலுடன் சேர்ந்தே வருவது. கருனியின் ஒவ்வொரு துணை அமைப்பும் தனக்குரிய சோதனைகளை அதில் வைத்துக்கொள்கிறது. 2020 சனவரியில் வெளியான 5.5 பதிப்பில் கேயூனிட் இணைந்தது. இது கருனியின் தனித்தனிச் செயற்கூறுகளைச் சில நொடிகளில் சோதிக்க உதவுகிறது. தனிக் கணினியோ வன்பொருளோ தேவையில்லை.

இவற்றை இயக்கும் அமைப்புகளும் பல. இன்டெல் நிறுவனத்தின் ஸீரோ-டே அமைப்பு, நிரலர்களின் கிளைகளைத் தானாக எடுத்துத் தொகுத்துச் சோதிக்கிறது. ஏஆர்எம் பலகைகளில் கருனி தொடங்குகிறதா என்று பார்க்க உருவான கெர்னல்சிஐ, 2019-இல் லினக்ஸ் ஃபவுண்டேஷனின் திட்டமானது. நிலையான பதிப்புகள் வெளியாகுமுன் லினாரோ போன்ற அமைப்புகள் அவற்றைச் சோதித்து அறிக்கை தருகின்றன.

பழைய சோதனையின் பயன்: டர்ட்டி கவ்

ஒருமுறை தேர்ச்சி பெற்ற சோதனையை ஏன் ஆண்டுக்கணக்கில் ஓட்ட வேண்டும் என்ற கேள்விக்கு டர்ட்டி கவ் வழுவின் வரலாறு விடை தருகிறது.

2016 அக்டோபரில் வெளிப்பட்ட இவ்வழு, படிக்க மட்டும் அனுமதியுள்ள கோப்பில் சாதாரணப் பயனர் எழுதுவதற்கும், அதன் வழியாக முழுக் கணினியையும் கைப்பற்றுவதற்கும் வழிவிட்டது. நினைவகப் பக்கம் ஒன்றை நகலெடுக்கும் வேலையும், அதே பக்கத்தைக் கைவிடும் வேலையும் ஒரே நேரத்தில் மோதும்போது இது நிகழ்ந்தது. 2007-இல் வந்த 2.6.22 பதிப்பு முதலே கருனிகள் இதற்கு இலக்காகியிருந்தன.

இவ்வழுவைச் சரிசெய்த டோர்வால்ட்ஸ், 11 ஆண்டுகளுக்கு முன்பே தாம் இதைச் சரிசெய்ய முயன்றதையும், ஐபிஎம்-இன் எஸ்390 கணினிகளில் சிக்கல் எழுந்ததால் அத்திருத்தம் திரும்பப் பெறப்பட்டதையும் மாற்றக் குறிப்பிலேயே பதிவுசெய்தார். அன்று கோட்பாட்டளவில் மட்டுமே இருந்த மோதல், கருனியின் நினைவக மேலாண்மை வளர்ந்தபோது எளிதில் நிகழக்கூடியதாகிவிட்டது என்றும் அக்குறிப்பு சொல்கிறது.

2005-இல் ஒரு சோதனை எழுதப்பட்டிருந்தால் அது அன்றே வழுவைக் காட்டியிருக்கும் என்று சொல்வதற்கில்லை; பெரும்பாலும் தேர்ச்சி என்றே காட்டியிருக்கும். ஆனால் அதைத் தொடர்ந்து ஓட்டியிருந்தால், கருனியின் பிற பகுதிகள் மாறி மோதல் எளிதான காலத்தில் அது தோல்வியைக் காட்ட வாய்ப்பு இருந்தது. திருத்தம் திரும்பப் பெறப்பட்டபோது, கேள்வி இன்னும் முடியவில்லை என்பதை நினைவூட்ட எதுவும் மிஞ்சவில்லை.

இன்று எல்டிபி-யில் டர்ட்டி கவ் வழுவுக்குத் தனிச் சோதனை உள்ளது. 2016-இன் திருத்தம் பெரிய நினைவகப் பக்கங்களின் விஷயத்தில் முழுமையாக இல்லை என்பது 2017 நவம்பரில் தெரியவந்தது. அதற்கும் ஒரு சோதனை சேர்க்கப்பட்டது. எல்டிபி-யின் இத்தகைய சோதனைகளில், குறித்த வழுவைத் தீர்த்த மாற்றத்தின் அடையாள எண்ணும் பதிந்துவைக்கப்படுகிறது. சோதனை தோற்றால், இந்தத் திருத்தம் உங்கள் கருனியில் இல்லாமல் இருக்கலாம் என்று அதுவே சொல்லிவிடுகிறது. தோல்வியைப் பார்ப்பவர் எங்கிருந்து தேடத் தொடங்குவது என்று திகைக்க வேண்டியதில்லை. பராமரிப்பை மனத்தில் வைத்து எழுதப்பட்ட சோதனைக்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

தவிர்ப்பும் தேர்ச்சியும்

ஒரு சோதனைக்குத் தேர்ச்சி, தோல்வி என்ற இரண்டு விடைகள் போதுமானவை என்று தோன்றலாம். நடைமுறையில் அவை போதா. சோதிக்க வேண்டிய வசதி அந்தக் கருனியில் சேர்க்கப்படாமல் இருக்கலாம். தேவையான வன்பொருள் இல்லாமல் இருக்கலாம். சோதனைக்கான ஏற்பாட்டிலேயே கோளாறு நேரலாம். எல்டிபி இவற்றைப் பிரித்தே காட்டுகிறது. டிபாஸ் என்பது தேர்ச்சி, டிஃபெயில் தோல்வி, டிபுரோக் ஏற்பாட்டுக் கோளாறு, டிகான்ஃப் இச்சூழலுக்குப் பொருந்தாத சோதனை.

கேசெல்ஃப்டெஸ்டில் இத்தெளிவு தாமதமாகவே வந்தது. தவிர்ப்புக்கென 4 என்ற தனி வெளியேற்றக் குறியீடு இருந்தும், பல சோதனைகள் அதைப் பயன்படுத்தவில்லை. இயங்க வாய்ப்பில்லாத இடத்தில் சில தோல்வி என்றன. சில தேர்ச்சி என்றன. 2018-இல் அச்சோதனைகளைத் தொகுதி தொகுதியாக எடுத்துச் சரிசெய்யும் பணி நடந்தது. புதிய வசதி எதையும் தராத, வெளியில் யாரும் பேசாத வேலை அது. ஆனால் அதற்குப் பிறகே அத்தொகுப்பின் முடிவுகளைப் பொருளுடன் படிக்க முடிந்தது.

பொய்யான தோல்வியைவிடப் பொய்யான தேர்ச்சி ஆபத்தானது. தோல்வி என்றால் யாராவது ஒருநாள் பார்ப்பார். தேர்ச்சி என்று காட்டும் சோதனையை யாரும் திறந்து பார்ப்பதில்லை. ஒரு வசதியின் உள்ளமைவுப் பெயர் மாறிவிட்டால், அதைத் தேடும் சோதனை பல ஆண்டுகள் தன்னைத் தவிர்த்துக்கொண்டே இருக்கக்கூடும். எத்தனை தேர்ச்சி, எத்தனை தோல்வி என்பதைச் சுருக்கித் தரும் அறிக்கைகள், முன்பு இயங்கி இப்போது தவிர்க்கப்படும் சோதனைகள் எவை என்பதையும் முன்னிறுத்த வேண்டும்.

நிலையற்ற சோதனைகள்

ஒரே கருனியில், ஒரே கணினியில், சில வேளை தேர்ச்சியும் சில வேளை தோல்வியும் தரும் சோதனைகள் நிலையற்றவை. கருனியில் இவை மிகுதி. ஒரு நொடிக்குள் பாக்கெட் வந்துசேர வேண்டும் என்று எழுதப்பட்ட சோதனை, எழுதியவரின் மேசைக் கணினியில் எப்போதும் வெல்லும். பிழைதேடும் வசதிகள் அனைத்தும் சேர்க்கப்பட்டு மெதுவாக ஓடும் மெய்நிகர் கணினியில் அது தோற்கும்.

இதன் தீங்கு தொழில்நுட்பத்தோடு நிற்பதில்லை. பத்து முறை காரணமின்றிச் சிவப்பு காட்டிய சோதனையைப் பதினோராவது முறை யாரும் பொருட்படுத்துவதில்லை. அன்று உண்மையான வழு வந்திருந்தாலும் அது கடந்துபோய்விடும்.

இதை எதிர்கொண்ட முறைக்கு இரண்டு எடுத்துக்காட்டுகளைச் சொல்லலாம். முதலாவது, பிணையத் துணை அமைப்பு. 2024-இன் தொடக்கம் முதல், அங்கு வரும் மாற்றங்களின் மீது கேசெல்ஃப்டெஸ்ட்களைத் தொடர்ச்சியாக ஓட்டும் ஏற்பாடு வந்தது. ஓடத் தொடங்கியதும் முதலில் வெளிப்பட்டவற்றுள் பெரும்பகுதி சோதனைகளின் குறைகளே. தமக்குத் தேவையான உள்ளமைவுகளைக் குறிப்பிடாதவை, நேரக் கணக்கை மட்டும் நம்பியவை, குறித்த நேரத்துக்குள் முடியாதவை எனப் பல இருந்தன. அவை ஒவ்வொன்றாகச் சீர்செய்யப்பட்டன. மெதுவான கணினி என்று சோதனைக்கு முன்கூட்டியே தெரிவிக்கும் மாறி ஒன்றும் அறிமுகமானது. பல ஆண்டுகள் மூலநிரலில் கிடந்த சோதனைகள் அன்றாடம் ஓட்டப்பட்ட பிறகே பயன்பாட்டுக்கு வந்தன.

இரண்டாவது, வரைகலைக்கான டிஆர்எம் துணை அமைப்பு. இங்கே தோற்பவை, நிலையற்றவை, தவிர்க்கப்படுபவை என மூன்று பட்டியல்கள் கருனிக்குள்ளேயே வைக்கப்பட்டுள்ளன. இத்தகைய பட்டியல், பிடிக்காத சோதனைகளைப் புதைக்கும் இடமாகிவிடும் என்ற ஐயம் இயல்பானது. அதைத் தடுக்க ஒரு விதியும் உண்டு. நிலையற்றது என்று ஒரு சோதனையைச் சேர்ப்பவர், இயக்கியின் ஆசிரியருக்கு அனுப்பிய வழு அறிக்கையின் இணைப்பு, பலகையின் பெயர், முதலில் பாதிக்கப்பட்ட பதிப்பு, ஏறத்தாழ எத்தனை முறைக்கு ஒருமுறை தோற்கிறது ஆகியவற்றையும் எழுத வேண்டும். விதி நல்லது. அப்பட்டியல் காலப்போக்கில் குறைகிறதா என்று பார்ப்பதற்கும் இதே கண்டிப்பு தேவை.

ஃபஸ்ஸிங்கின் வெற்றியும் எல்லையும்

கூகுளின் சிஸ்காலர் கருவி, கருனிக்கு அனுப்பப்படும் அழைப்புகளைத் தாறுமாறாகச் சேர்த்து, எது கருனியை வீழ்த்துகிறது என்று தேடுகிறது. 2017 முதல் இயங்கும் சிஸ்பாட் இதைத் தானாகவே செய்து, ஆயிரக்கணக்கான வழுக்களை அறிவித்துள்ளது. பலவற்றுக்கு, வழுவை மீண்டும் நிகழ்த்திக் காட்டும் சிறு நிரலும் சேர்ந்தே வருகிறது. கருனியின் பாதுகாப்புக்கு இது செய்த நன்மையை மறுக்க முடியாது.

ஆனால் இது சோதனைத் தொகுப்புக்கு மாற்றாகாது. கருனி வீழ்வதையும், நினைவக மீறல் போன்ற கண்காணிக்கப்படும் பிழைகளையுமே இது காண்கிறது. வீழாமல் தவறான விடை தரும் கருனி இதன் கண்ணில் படாது. மேலும், இயந்திரம் எழுதிய சிறு நிரலுக்குக் கருத்து என்று எதுவும் இல்லை. எந்த நடத்தை சரி என்பதை அது சொல்வதில்லை. அதை அப்படியே தொகுப்பில் சேர்த்தால், சில ஆண்டுகளுக்குப் பின் அது தோற்கும்போது யாருக்கும் புரியாது. ஒருவர் அமர்ந்து, வழுவின் காரணத்தைப் புரிந்துகொண்டு, அதைப் படிக்கத்தக்க சோதனையாக மாற்றி எழுத வேண்டும். கண்டுபிடிப்பு தானியங்கியாகிவிட்டது, இந்த மாற்றி எழுதும் வேலை பெரிதும் மனிதரையே நம்பியிருக்கிறது.

சோதனைகளால் பிடிக்க முடியாதவை

2018-இன் இறுதியில் 4.19 பதிப்பைப் பயன்படுத்திய சிலரின் வட்டுகளில் கோப்புகள் சிதைந்தன. சேதம் எக்ஸ்ட்4 கோப்பு முறைமையில் தென்பட்டதால் முதலில் ஐயம் அதன்மீதே விழுந்தது. எக்ஸ்ட்4-இன் சோதனைகளோ குறை எதையும் காட்டவில்லை. உண்மையான வழு அதற்குக் கீழே, வட்டுக்கு வேலைகளை அனுப்பும் அடுக்கில் இருந்தது. வட்டு இப்போது இயலாது என்று திருப்பிய வேலை, குறிப்பிட்ட அமைப்பில் மட்டும், வேறொரு வேலையுடன் தவறாக இணைக்கப்பட்டது. பயனர்கள் பொறுமையாகத் தந்த அறிக்கைகளின் துணையால் டிசம்பரில் அது கண்டறியப்பட்டுத் திருத்தப்பட்டது.

கருனி ஓடும் வன்பொருள்களும் அமைப்புகளும் எண்ணற்றவை. எந்த ஆய்வகத்திலும் அவை அனைத்தும் இரா. எனவே பயனர்களே இறுதிச் சோதனையாளர்கள் என்ற வாதத்துக்கு இந்நிகழ்வு வலுச்சேர்க்கிறது. அவ்வாதத்தில் உண்மை உண்டு. ஆனால் சோதனையின் விலையாகச் சிலர் தம் கோப்புகளை இழந்தனர் என்பதும் அதே நிகழ்வில் உள்ளது. ஒவ்வோர் அடுக்கின் சோதனையும் தன் அடுக்குக்கு மட்டுமே சாட்சி. கீழுள்ள அடுக்கு மறுக்கும்போதும் தாமதிக்கும்போதும் என்ன ஆகிறது என்பதை வேண்டுமென்றே உருவாக்கிச் சோதிப்பதே இங்கிருந்து கிடைக்கும் பாடம்.

மதிப்பீடு

ஒரு சோதனை தோற்றால், கருனி தவறா, சோதனை தவறா என்று யாராவது தீர்ப்புச் சொல்ல வேண்டும். பயனர் நிரல்களை உடைக்கக் கூடாது என்பது லினக்ஸ் கருனியின் புகழ்பெற்ற விதி. ஆனால் எந்த நடத்தையை நிரல்கள் நம்பியிருக்கின்றன என்பது முழுமையாக எங்கும் எழுதப்படவில்லை. கையேட்டுப் பக்கங்கள் ஓரளவு சொல்கின்றன. எஞ்சியதைச் சோதனைகளே சொல்ல முடியும். அவ்வகையில் நல்ல சோதனை ஓர் ஆவணமும்கூட. அதைப் பழையதாக விட்டுவிட்டால் ஆவணமும் பொய்யாகிவிடும்.

இத்தீர்ப்பைச் சொல்ல வேண்டியவர் அந்தப் பகுதியின் பராமரிப்பாளர். பிணையத் துணை அமைப்பின் முன்னேற்றம் அப்படித்தான் நிகழ்ந்தது: சோதனை முடிவு, மாற்றத்தை ஏற்பவரின் மேசைக்கே வந்தது. வெளியே ஒரு நிறுவனத்தின் கணினிகளில் ஓடி, பின்னர் அறிக்கையாக மட்டும் வரும் சோதனை எவ்வளவு நல்லதாயினும், அதன் சிவப்பு யாருடைய பொறுப்பும் ஆகாமல் போக வாய்ப்பு அதிகம்.

லினக்ஸ் கருனிக்கு மேலும் புதிய சோதனைச் சட்டகம் ஒன்று இப்போதைய அவசரத் தேவையன்று. இருக்கும் சோதனைகளில் எவை உண்மையில் ஓடுகின்றன, எவை அமைதியாகத் தவிர்க்கப்படுகின்றன, ஒவ்வொன்றும் தோற்றால் யார் பார்ப்பார் என்ற மூன்று கேள்விகளுக்குத் துணை அமைப்புகள் ஒவ்வொன்றும் விடை வைத்திருக்க வேண்டும். எல்டிபி-யையும் கேசெல்ஃப்டெஸ்டையும் ஆண்ட்ராய்டின் சோதனைத் தொகுப்பும் பயன்படுத்துகிறது. எனவே அவற்றில் சரிசெய்யப்படும் ஒரு சோதனையின் பயன், கருனி என்ற சொல்லையே கேள்விப்படாதவரின் கைப்பேசி வரை சென்றுசேர்கிறது.