மின்னால் எழும் நாதம்: இரு மரபும் நமக்குரிய அளவுகோலும்

தாமிரபரணி மன்னார் வளைகுடாவோடு கலக்கும் முகத்துவாரத்தில் அமைந்த புன்னைக்காயல், அயல்நாட்டார் கொணர்ந்த கருவியை வாங்கித் தமிழுக்கு ஆக்கிக்கொள்ளும் காரியத்தில் நெடுங்கால அநுபவம் படைத்த ஊர். அண்டிரிக் அடிகளார் என்று நம்மவர் அன்போடு அழைக்கும் போர்ச்சுக்கீசியப் பாதிரியாரின் 'அடியார் வரலாறு' 1586 ஆம் ஆண்டில் இவ்வூரிலே அச்சேறியது என்று நூல்வரலாற்று அறிஞர் கூறுவர். உலோகத்தில் வார்த்த எழுத்துக்கு இடங்கொடுத்த அதே கரை, பிற்காலத்தில் வயலினுக்கும், துருத்தியின் காற்றால் ஒலிக்கும் ஆர்மோனியத்துக்கும், சப்பரப் பவனியின் முன்னே முழங்கிச் செல்லும் பாண்டு வாத்தியத்துக்கும் இடங்கொடுத்தது. வாசாப்பு என்னும் கிறித்தவ நாடகம் நடக்கும் இரவுகளில், அதை நடத்தும் அண்ணாவியாரின் பக்கத்தில் ஆர்மோனியம் இருந்த இடத்தை இன்று கீபோர்டு பிடித்துக்கொண்டிருக்கிறது. கொடியேற்றம் முதல் திருவிழா முடிய ஆலயத்துப் பாடகர் குழு அதைக் கொண்டே சுருதி பிடிக்கிறது. ஆகவே, மின்சாரத்தால் நாதத்தை எழுப்பும் கருவிகளுள் அனலாக் சிறந்ததா, டிஜிட்டல் சிறந்ததா என்று உலகெங்கும் நடந்துவரும் விவாதம் முத்துக்குளித்துறை என்னும் இக்கரைக்குச் சம்பந்தமற்றதென்று ஒதுக்கத் தக்கதன்று. அவ்விரு மரபுகளின் வரலாற்றையும் இலட்சணத்தையும் பார்த்து, நம்முடைய சங்கீதத்துக்கு எந்த அளவுகோல் பொருந்தும் என்று தெளிவதே இங்கு என் நோக்கம்.

அனலாக் கருவியில் நாதத்தின் வித்தாக இருப்பது மின்னழுத்தம். ஆஸிலேட்டர் என்னும் சுற்று அவ்வழுத்தத்தை இடைவிடாமல் ஏற்றி இறக்க, அந்த ஏற்றிறக்கம் ஒலிபெருக்கியை அடைந்து காற்றில் அலையாகிறது. ரம்பப்பல் வடிவமுள்ள அலையை எடுத்துக்கொண்டால், ஆதாரச் சுரத்தோடு அதன் மேற்சுரங்கள் யாவும் அதில் நிறைந்து நின்று காதைக் குத்தும். பில்டர் என்னும் வடிப்பானின் ஊடே அதைச் செலுத்தி, வடிப்பானின் குமிழை இடப்புறமாக மெல்லத் திருகிக்கொண்டே வந்தால், உச்சியிலுள்ள சுரங்கள் ஒவ்வொன்றாக உதிர, நாகசுரத்தின் காரம் தணிந்து தணிந்து புல்லாங்குழலின் மென்மைக்கு வந்து சேர்வதைக் காது படிப்படியாக அன்றி, ஒரே இழுப்பாகப் பின்தொடரும். இந்த ஒரு செய்கையைத் தன் கையால் செய்து பார்த்தவர், அனலாக் கருவியை நேசிப்போரின் பிடிவாதத்துக்குக் காரணம் என்னவென்று பிறர் சொல்லக் கேட்க வேண்டியதில்லை.

டிஜிட்டல் கருவியோ அலையை எண்களாக எழுதி வைத்துக்கொள்கிறது. குறுந்தகட்டுக்கு வகுத்த நியமப்படி, விநாடிக்கு 44,100 முறை அலையின் உயரத்தை அளந்து, ஒவ்வோர் அளவையும் 65,536 படிகளுள் ஒன்றில் நிறுத்த வேண்டும். முத்துச்சிலாபம் நடந்த காலத்தில், எடுத்த முத்துக்களைப் பத்துப் பித்தளைச் சல்லடைகளில் அடுத்தடுத்து இட்டுத் தரம் பிரித்தார்கள். இயற்கையில் எந்த இரண்டு முத்தும் ஒரே பருமன் உடையன அல்ல என்றாலும், ஒரு சல்லடையில் தங்கியவை யாவும் ஒரே தரமாகக் கணக்கில் ஏறின. டிஜிட்டல் கருவி ஒலியை அவ்வாறுதான் சலிக்கிறது. அதன் சல்லடைகளின் எண்ணிக்கை மிகப் பெரிதாகையால் சலித்த அடையாளம் காதுக்குப் புலப்படுவதில்லை. எனவே, எண்ணாக்கிய ஒலி உயிரற்றது என்று பொதுப்படச் சொல்வோரின் அபிப்பிராயத்தை நான் ஏற்பதற்கில்லை. குறை நேர்வது வேறோர் இடத்தில், விரலும் கட்டையும் சந்திக்கும் இடத்தில். அதைப் பின்னர்க் கூறுவேன்.

மேனாட்டில் இக்கலை மரபுகளாகக் கிளைத்த விதத்தைச் சுருக்கமாகச் சொன்னாலே போதும். 1948 இல் பாரிஸ் நகரில் பியர் ஷேஃபர் இரயில்வண்டியின் ஓசை முதலானவற்றைப் பதிவு செய்து இசையாகக் கோத்தார். 1951 இல் தோன்றிய கொலோன் வானொலி நிலையத்து அரங்கினரோ மின்சுற்றில் பிறந்த ஒலியையே சுத்த நாதமாக மதித்தனர். 1960களின் நடுவில் அமெரிக்காவின் கீழைப்பகுதியில் ராபர்ட் மூக்கும் மேலைக்கரையில் டான் புக்லாவும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் சிந்தசைசர் என்னும் மின்னொலிக் கருவிகளை நிர்மாணித்தார்கள். பியானோவின் கறுப்பு வெள்ளைக் கட்டைகளை முன்னே வைத்தால் பழைய இசையே பிறக்கும் என்று கருதிய புக்லா, அவற்றை விலக்கித் தொடுதகடுகளை அமைத்தார். மூக்கோ கட்டைகளை ஏற்றுக்கொண்டு, 1 வோல்ட் ஏறினால் ஒரு ஸ்தாயி ஏறும் என்ற நியமத்தைக் கையாண்டார். அந்நியமமே நிலைத்தது. அதன்படி ஓர் அரைச்சுரத்துக்கு ஏறத்தாழ 83 மில்லிவோல்ட். அதில் ஒரு சிறு பின்னம் பிசகினாலும் சுருதி விலகியது தேர்ந்த காதுக்குத் தெரிந்துவிடும். 1970 இல் வெளிவந்த மினிமூக் ஒரு சமயத்தில் ஒரு சுரத்தையே ஒலிக்கும். மேனாட்டார் இதை ஒரு குறையாக எண்ணினர். ஒரு சுரத்தின்பின் ஒரு சுரமாக இராகத்தை விரித்துச் செல்லும் நமக்கு அது குறையே ஆகாது.

நம் நாட்டில் மின்னிசையைப் பெருவாரியான ஜனங்களின் காதுக்குக் கொண்டுவந்தது திரைப்படம். ஹேமந்த குமார் இசையமைத்த 'நாகின்' என்னும் இந்திப் படத்தில் (1954) மகுடி என்றே பலரும் நம்பிக் கேட்ட ஓசை, கிளாவியோலின் என்னும் வால்வுக் கருவியில் கல்யாண்ஜி வாசித்தது. அதற்குப் பதினைந்து ஆண்டுகளுக்குப் பின், 1969 இல், அகமதாபாத்தில் உள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் அமெரிக்கக் கலைஞர் டேவிட் டியூடர் மூக் சிந்தசைசர் ஒன்றை நிறுவி ஓர் அரங்கை அமைத்தார். அம்முயற்சிக்குப் பின்னே நின்றவர் கீதா சாராபாய். 1946 இல் நியூயார்க்கில் ஜான் கேஜுக்கு இந்திய சங்கீதத்தைக் கற்பித்து, அவரிடம் மேனாட்டு இசையிலக்கணத்தைக் கற்றுவந்த விதுஷி அவர். அவரும் ஐ. எஸ். மாத்துர், அதுல் தேசாய், எஸ். சி. சர்மா, ஜின்ராஜ் ஜோஷிபுரா ஆகியோரும் 1972 வரை அங்கு இயற்றிய நாடாக்கள், பல பத்தாண்டுகள் நிறுவனத்தின் காப்பறையில் கேட்பாரற்றுக் கிடந்து, பால் பர்கஸ் என்னும் ஆய்வாளரின் முயற்சியால் 2023 இல் இசைத்தட்டாக வெளிவந்தன. மேனாட்டுக்கே சிந்தசைசர் புதுமையாக இருந்த அக்காலத்தில் இந்தியர் சிலர் அதை நேருக்கு நேர் நின்று பயின்றார்கள் என்பதும், அப்பயிற்சி சிஷ்ய பரம்பரையாகத் தொடராமல் அறுந்துபோயிற்று என்பதும் சேர்ந்தே நினைக்கத் தக்கவை. அது தொடர்ந்திருந்தால், இன்று நம் இளைஞர் வெளியூர்க் கருவிக்கு வெளியூர்ப் பாடத்தையே கற்கும் நிலை நேர்ந்திராது என்பது என் துணிபு.

1982 இல் பம்பாயில் சரண்ஜித் சிங் செய்த காரியம் இவ்வரலாற்றில் தனியாக நிற்பது. ரோலண்டு கம்பெனியின் ஜூபிடர்-8, டிஆர்-808, டிபி-303 ஆகிய மூன்று கருவிகளை இணைத்து, பத்து இராகங்களைத் துரிதமான நடன தாளத்தில் வாசித்து அவர் இசைத்தட்டாக்கினார். டிபி-303 என்பது கித்தார் வாசிப்போருக்குப் பக்கவாத்தியமாக மந்தர ஸ்தாயியில் ஒலிக்கச் செய்த சிறு பெட்டி. அதில் ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்கு வழுக்கிச் செல்லும் வசதி உண்டு. அந்த வழுக்கலில் இராகத்தின் சாயலைக் கண்டுகொண்டது அவருடைய காது. அதே பெட்டியைக் கொண்டு சிகாகோ இளைஞர் 'ஆசிட்' என்ற புது இசையைத் தட்டில் வெளியிட்டது 1987 இல். 2010 இல் மறுபதிப்பு வரும்வரை சரண்ஜித் சிங்கின் தட்டை உலகம் கவனிக்கவில்லை.

டிஜிட்டல் மரபின் மூலபுருஷர் என்று மாக்ஸ் மாத்யூஸைச் சொல்லலாம். 1957 இல் பெல் ஆய்வுக்கூடத்துக் கணினியைச் சுரம் எழுப்பச் செய்தவர் அவர். ஆயினும் அம்மரபை வீட்டுக்கு வீடு கொண்டுசென்றது 1983 இல் வந்த யமஹா டிஎக்ஸ்7. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஜான் சௌனிங் கண்ட முறைப்படி, ஓர் அலையைக் கொண்டு மற்றோர் அலையை அசைத்து மணியோசையையும் கண்ணாடியோசையையும் எழுப்பிய அக்கருவியில், திருகுவதற்குக் குமிழ்கள் இல்லை. எண்களை ஒவ்வொன்றாகத் திரையில் மாற்ற வேண்டும். ஆகவே பலரும் அதன் உள்ளே கைவைக்க அஞ்சி, கம்பெனி நிரப்பி அனுப்பிய ஒலிகளையே வாசித்தார்கள். ஒலியை உண்டாக்கும் வித்தை, ஒலியைத் தேர்ந்தெடுக்கும் பழக்கமாக மாறியது அங்கேதான். அதே ஆண்டில் வந்த மிடி என்னும் பொது நியமம் பல கம்பெனிக் கருவிகளை ஒரே பேச்சுப் பேசச் செய்தது. சென்னையில் கே. பாலசந்தரின் 'புன்னகை மன்னன்' (1986) படத்தின் இசையில் இளையராஜா கணினியின் துணையைக் கொண்டார் என்பது பலரும் அறிந்தது. பின்னாளில் ஏ. ஆர். ரகுமான் என்று பெயர் பெற்ற திலீப், இளையராஜாவின் குழுவில் கீபோர்டு வாசித்துப் பழகியவர். கோடம்பாக்கத்து வீட்டோடு சேர்ந்த தம் அரங்கில் அவர் உருவாக்கிய 'ரோஜா' (1992) இசை தமிழர் காதைப் புதிதாகப் பழக்கியது என்பதை விரிக்க வேண்டுவதில்லை.

இனி நமக்குரிய அளவுகோலுக்கு வருவோம். நிலைத்த கட்டைகளையுடைய கருவி நம் சங்கீதத்துக்கு ஆகுமா என்ற கேள்வி மின்னிசையோடு பிறந்ததன்று. 1940 இல் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்தை விலக்கி ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அத்தடையைக் காத்தபோது கூறிய காரணங்களுள் தலையாயது, அது கமகம் பேசாது என்பது. அதற்கும் முன்னே, திருநெல்வேலிச் சீமையின் சாம்பவர் வடகரையில் பிறந்து தஞ்சையில் வாழ்ந்த ஆபிரகாம் பண்டிதர், தம்முடைய 'கருணாமிர்த சாகரம்' (1917) என்னும் பெருநூலில், சுருதிகள் 22 என்ற கொள்கையை மறுத்து, ஸ்தாயியை 24 ஆகச் சமமாகப் பகுக்கும் முறையைக் கணக்கோடு நிறுவ முயன்றார். அவர் முடிவை ஒப்பாதோர் உண்டு. ஆனால் கருவியைக் கண்டிக்குமுன் சுரத்தை அளந்து பார்க்க வேண்டும் என்ற அவருடைய நெறியை மறுக்க யாராலும் முடியாது.

அந்நெறிப்படி அளந்தால் தெரிவது என்ன? சாவேரியின் ரிஷபமும் தோடியின் காந்தாரமும் ஓரிடத்தில் நிற்பவை அல்ல. அசைவே அவற்றின் உருவம். கட்டையை அழுத்தினால் ஒலி எழும், விட்டால் நிற்கும் என்ற அமைப்புள்ள எந்தக் கருவியிலும், உள்ளே ஓடுவது மின்னழுத்தமானாலும் எண்ணானாலும், அச்சுரங்கள் கிடைக்கமாட்டா. இடக்கையால் அசைக்கும் பிட்ச் சக்கரம் இக்குறையைப் பெரிதும் தீர்த்தது. மிடி நியமம் அச்சக்கரத்தின் பாதையை 16,384 படிகளாகப் பகுத்திருப்பதால் அசைவு வழுவழுப்பாகவே கேட்கும். கர்நாடகக் கச்சேரி மேடையில் கீபோர்டை முதன்மை வாத்தியமாக நிலைநாட்டிய கே. சத்யநாராயணனின் வாசிப்பைக் கேட்டவர் இதற்குச் சாட்சி. ரகுமான் கையாளும் கண்டினியம் என்னும் கருவியிலோ கட்டைகளே இல்லை. மெத்தென்ற ஒரே பரப்பின்மேல் விரலை நகர்த்தினால் சுரம் நகர்கிறது. அதன் ஒலி முழுவதும் டிஜிட்டல். அதன் குணமோ வீணைத் தந்தியை இழுப்பதற்கு நெருங்கியது. மறுபுறம், முழுமையும் அனலாக் ஆன மினிமூக்கைச் சக்கரம் தொடாமல் வாசிப்பவர் ஆர்மோனியத்துக்கு மேல் ஒன்றும் சாதிப்பதில்லை. ஆகவே கமகத்தை அளவுகோலாகக் கொண்டால், அனலாக், டிஜிட்டல் என்ற பிரிவினை நமக்கு இரண்டாம்பட்சமாகிவிடுகிறது.

இக்கரைக்கே உரிய ஒரு சோதனையும் உண்டு. உப்புக்காற்று இரண்டு மரபுகளையும் வெவ்வேறு விதமாகத் தாக்குகிறது. அனலாக் கருவியின் குமிழுக்கடியிலுள்ள கரித்தடத்தில் உப்பும் ஈரமும் படிந்தால், திருகும்போதெல்லாம் கரகரவென்று ஒலிக்கும். சித்திரை வெயிலில் பந்தலுக்கடியில் சூடேறிய ஆஸிலேட்டர் சுருதியை விட்டு நகர, பாட்டுக்குப் பாட்டு அதைச் சேர்க்க வேண்டும். டிஜிட்டல் கீபோர்டில் சுருதி இம்மியும் அசையாது. ஆனால் ஒவ்வொரு கட்டைக்கு அடியிலும் ரப்பரில் பதித்த தொடுமுனைகள் இரண்டு உண்டு, அவை படும் இடைநேரத்தைக் கொண்டே கருவி விரலின் வேகத்தைக் கணிக்கிறது. அவற்றுள் ஒன்றில் உப்பு ஏறினால், திருப்பலியில் நன்மை வாங்கும் நேரத்து மெல்லிய பாட்டில் ஒரு சுரம் மட்டும் முழு வேகத்தில் பாய்ந்து கேட்போரைத் திடுக்கிடச் செய்யும். கொண்டல் காற்றுக் காலத்தில் கருவியைத் துணியால் மூடி வைப்பதும், ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் அம்முனைகளைத் துடைக்கக் கற்பதும் இக்கரையில் வாசிப்பவரின் கல்வியில் சேர்ந்தவை.

உப்பைவிட எனக்கு அதிகக் கவலை தருவது, பாடகர் குழுக்களில் வேரூன்றிவிட்ட 'ஸ்டைல்' பழக்கம். ஒரு பொத்தானை அழுத்தினால் தாளமும் பேஸ் ஒலியும் பக்கவாத்தியமும் தாமாகவே ஓடத் தொடங்க, எந்த ஊர்த் திருவிழாவிலும் ஒரே தாளக்கட்டு, ஒரே மணியோசை. பாடுபவருக்கு ஒரு கட்டை ஏற்ற வேண்டுமானால் டிரான்ஸ்போஸ் பொத்தான். அதனால் எல்லாச் சுருதியிலும் விரலோட்டம் பயில்வோர் அருகிவிட்டனர். 1963 இல் வத்திக்கான் சங்கம் தாய்மொழிக்கும் அந்தந்த நாட்டு வாத்தியங்களுக்கும் வழிபாட்டில் வாசல் திறந்துவிட்டது. அவ்வாசலின் வழியே நம் ஆலயத்துக்குள் வர வேண்டியது எங்கோ நிரப்பிய பொத்தான் தாளமன்று. இதைக் கருவியின் குற்றமாக நான் சொல்லவில்லை. அதே கீபோர்டில் ஒரு டோனை எடுத்து, அதன் தொடக்கத்தை மென்மையாக்கி, மேற்சுரங்களை வடித்து, சக்கரத்தின் எல்லையைத் தன் கைக்கு இசையத் திருத்திக்கொள்ளும் வாசிப்பாளரும் நம் பக்கத்தில் உளர். அவர்கள் வாசிக்கும்போது இது இன்ன ஊர்ப் பாட்டு என்று கேட்ட மாத்திரத்தில் தெரிகிறது.

டிஜிட்டல் மரபு நமக்குத் தரக்கூடிய பெருங்கொடை ஒன்றை நாம் இன்னும் கைநீட்டி வாங்கவில்லை. எந்த ஒலியையும் பதிவு செய்து கட்டைக்கு ஒன்றாக ஏற்றி வாசிக்கும் சாம்பிளிங் முறை 1979 முதலே உலகில் உள்ளது. இன்று சாதாரணக் கைப்பேசியும் சிறு கணினியும் அதற்குப் போதும். வாசாப்பு அண்ணாவிமாரின் குரலும், வலை இழுக்கையில் ஒருவர் எடுத்துக்கொடுக்கப் பலர் ஏற்றுப் பாடும் அம்பாப் பாட்டின் கூட்டொலியும், பழைய ஆர்மோனியங்களின் துருத்தி மூச்சும் எந்தக் கம்பெனிக் கருவியிலும் அடங்கியிருக்கவில்லை. புன்னைக்காயலிலும் மணப்பாட்டிலும் வீரபாண்டியன்பட்டினத்திலும் கீபோர்டு வாசிக்கும் இளைஞர்களை நான் வேண்டிக்கொள்வது இதுதான்: அடுத்த திருவிழாவுக்குப் புது மாடல் கருவி வாங்க நிதி திரட்டுமுன், உங்கள் ஊரில் இன்னும் பாடக்கூடிய முதியவர்களிடம் போய், அவர்கள் குரலைச் சுரம் சுரமாகப் பதிவு செய்து, இருக்கிற கருவியிலேயே ஏற்றி வாசியுங்கள்.